பாப்பா சொல்லட்டும்

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சபையார் கலைந்த பிறகுதான் அவள் அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். வெயில் சுளீரென்று அடித்தது. ஆலயத்தை ஒட்டிய வீடு. கேட்டின் தாழ்ப்பாளை இப்போதும் சற்றுத் தூக்கித்தான் இழுக்க வேண்டியிருந்தது. ஒரு கையில் பை, இன்னொரு கையில் மகள். மூன்று வயதை நெருங்கும் அந்தக் குழந்தையைச் சிட்டு என்று கூப்பிடுவார்கள். அது இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

காதில் கோளாறு எதுவும் இல்லை. அதை அவளே சோதித்துவிட்டாள். அவளுடைய தொழிலே அதுதான். சத்தம் புகாத ஒரு சின்ன அறைக்குள் ஆட்களை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்புவாள். கேட்டால் கையைத் தூக்க வேண்டும். சிலர் ஒலி எதையும் அனுப்பாதபோதும் தூக்குவார்கள். பொய் சொல்லும் எண்ணம் அவர்களுக்கு இருக்காது. அறைச் சுவரின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவள் எதிர்பார்க்கிறாளே என்று கை தானாக எழும்பிவிடும். அவர்களை அவள் கடிந்துகொண்டதில்லை. சின்ன வயதில், ஆண்டவருடைய குரலைக் கேட்டவர்கள் கை தூக்குங்கள் என்று அப்பா பிரசங்க மேடையிலிருந்து சொன்னபோதெல்லாம் அவளும் தூக்கியிருக்கிறாள். ஒருநாளும் அவளுக்கு எதுவும் கேட்டதில்லை.

"வா பாப்பா," என்றான் அண்ணன், வாசலிலேயே நின்று.

அவளுக்கு இப்போது தலை பாதி நரைத்துவிட்டது. ஆனாலும் அந்த வீட்டில் அவள் பாப்பாதான். கடைக்குட்டியை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அப்பா இறந்தபின் சபையை அண்ணன் பார்த்துக்கொள்கிறான். போன வாரம் அவன் தொலைபேசியில் பேசியபோது, பக்கத்து அறையில் யாரோ இருப்பதுபோலக் குரலைத் தாழ்த்தியிருந்தான். மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து கண்ணை மூடினால் அப்பாவின் ஜெபம் கேட்கிறது என்றான். முதலில் பக்கத்து வீட்டு ரேடியோ என்று நினைத்தார்களாம். பிறகு அவன் முணுமுணுக்கிறான் என்று அண்ணியும், அவள் முணுமுணுக்கிறாள் என்று அவனும் நினைத்திருக்கிறார்கள். ஜெபம் வளர்ந்துகொண்டே போய், முடிய வேண்டிய இடத்தில் நின்றுவிடும். முடியாது. நின்று காத்திருக்கும்.

எதற்காக என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. அப்பா ஜெபிப்பார். கடைசியில், "பாப்பா சொல்லட்டும்" என்பார். கடைக்குட்டி ஆமென் என்றால்தான் ஜெபம் முடிந்ததாகக் கணக்கு. அதுவரை யாரும் கண்ணைத் திறக்கக் கூடாது, தட்டைத் தொடக் கூடாது. ஒருமுறை அவள் ஜெபத்தின் நடுவே தூங்கிப்போய்விட, அவள் விழிக்கும்வரை குடும்பமே கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது. அதைப் பிற்காலத்தில் வேடிக்கையாகச் சொல்லிச் சிரிப்பார்கள். அன்று யாரும் சிரிக்கவில்லை.

வீட்டின் நீதிமன்றமும் அந்த ஜெபம்தான். ஆண்டவரே, இன்று பொய் சொன்ன இந்தப் பிள்ளையை மன்னியும் என்று ஆரம்பித்தால், அன்று யார் மாட்டிக்கொண்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆண்டவரிடம் சொல்லப்படும் குற்றச்சாட்டில் யார் குறுக்கே பேச முடியும்?

அம்மா படுத்த படுக்கையானபோது அந்த நீதிமன்றம் கடைசியாகக் கூடியது. இந்த வீட்டில் ஒளிந்திருக்கும் ஒரு பாவத்தினிமித்தம் உம்முடைய கரம் எங்கள்மேல் பாரமாயிருக்கிறது என்றார் அப்பா. அவள் கண்ணைத் திறந்துவிட்டாள். அம்மாவின் அறைக்கதவு திறந்தே இருந்தது. அம்மா விழித்தே இருந்தாள்.

"பாப்பா சொல்லட்டும்."

அவள் சொல்லவில்லை. அப்பா மறுபடி சொன்னார். அவள் எழுந்து போய்விட்டாள். அன்றிலிருந்து சாகும்வரை அப்பா அந்த மேசையில் உட்காரவே இல்லை. தன் அறையிலேயே சாப்பிட்டார். அம்மாவோ கடைசி மூச்சுவரை ஒரே கேள்வியோடு கிடந்தாள். "என் பாவமா இருக்குமோடி?"

அதற்குப் பிறகு அவளுடைய விசுவாசம் ஒரே நாளில் இடிந்து விழுந்துவிடவில்லை. வீட்டைக் காலி செய்கிறவர்களைப்போல ஒவ்வொரு சாமானாகக் கையில் எடுத்து, இது யாருடையது என்று பார்த்தாள். பயம் அப்பாவுடையது. நரகம் அப்பாவுக்கு அவருடைய அப்பா கொடுத்தது. பாட்டுகள் அம்மாவுடையவை, அவற்றை மட்டும் வைத்துக்கொண்டாள். இப்போதும் சிட்டுவைத் தூங்கவைக்க அவற்றில் ஒன்றைத்தான் முனகுவாள். மற்றவற்றை வெளியே போட்டுவிட்டாள். அறைகள் வெறுமையாக இருந்தன. ஆனால் காற்று வந்தது.

மேசையில் உணவு பரப்பியிருந்தது. அண்ணி பாதியாக இளைத்திருந்தாள். சிட்டுவை வாங்கிக் கன்னத்தைத் தடவிவிட்டு, "உங்கப்பா உயிரோட இருந்தப்பவும் சோறு ஆறாம சாப்பிட விட்டதில்ல. இப்பவும் விடல," என்றாள். சிரிக்கத்தான் முயன்றாள்.

அண்ணன் சுற்றி வளைக்கவில்லை. "ஒரே ஒரு வார்த்தை பாப்பா. சொல்லிட்டுப் போயிடு. அவர் போயிடுவார்."

"நம்பாம சொன்னா அது பொய்ண்ணே. அப்பாகிட்டயே பொய் சொல்லச் சொல்றியா?"

"உனக்கு எல்லாத்துலயும் வாதம்."

"பின்ன எதுக்கு வந்தேன்னு பாக்கிறியா? இல்லைன்னு அவர் முகத்துக்கு நேரா சொல்லிட்டுப் போகத்தான். அன்னைக்கு வாயே திறக்காம எழுந்து போயிட்டேன்."

உட்கார்ந்தார்கள். மேசையின் தலைப்பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. அதன்மேல் அப்பாவின் பழைய மெத்தைத் திண்டு. எதிரே ஒரு டம்ளர் தண்ணீர்; அண்ணி இன்னும் அதை வைக்கிறாள். பழக்கம். சிட்டுவின் உயர நாற்காலி அவளுக்கும் அண்ணிக்கும் நடுவில் இருந்தது. ஜன்னல் வழியாக வந்த வெயில் மேசைவிரிப்பின் கறைகளைக்கூடத் தெளிவாகக் காட்டியது. அந்த வீட்டில் வேறெங்கும் இருட்டு இல்லை. இமைகளுக்குப் பின்னால் மட்டும்தான் இருந்தது.

அண்ணனும் அண்ணியும் கண்களை மூடினார்கள்.

அவள் மூடவில்லை.

முதலில் தைலத்தின் வாசனை வந்தது. அப்பா நெற்றிப்பொட்டில் தடவிக்கொள்ளும் தலைவலித் தைலம். பிறகு மூக்குக்கண்ணாடியை மடக்கும் 'டக்' என்ற சத்தம். தொண்டையை இரண்டு முறை செருமும் சத்தம். மூக்கு வழியாக நீளமாக ஒரு மூச்சு உள்ளே போனது.

திண்டு அமுங்கியது.

"ஆண்டவரே."

டம்ளரில் தண்ணீர் சிலிர்த்தது. குரல் பெரிதாக இல்லை. எவ்வளவு ஒலி, எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்று அளந்து பழகிய காது அவளுடையது. இது மண்டைக்குள் கேட்கும் சத்தம் இல்லை. கை எட்டும் தூரத்தில், உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதனின் வாய் உயரத்திலிருந்து வருகிற சத்தம். நாற்காலியில் யாரும் இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் தண்ணீர் மட்டும் நடுங்கியது.

ஜெபம் நீண்டது. அண்ணனின் சோம்பலும் அண்ணியின் முணுமுணுப்பும் அதில் வந்தன. அண்ணனின் கண்ணோரத்தில் ஈரம். ஐம்பது வயதைத் தாண்டிய மனிதன், சபையே எழுந்து நிற்கும் போதகர், அடிவாங்கப்போகும் பிள்ளையைப்போலத் தோளைக் குறுக்கிக்கொண்டிருந்தான்.

திண்டு மெல்ல உப்பியது.

அவர் எழுந்துவிட்டார்.

குரல் மேசையைச் சுற்றி நடந்து வந்தது. அண்ணனின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தது. பிறகு அவளுக்குப் பின்னால். தைல வாசனை கழுத்தில் வந்து ஒட்டியது. தலைமேல் கை விழப்போகிறது என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். விழவில்லை.

குரல் அவளைக் கடந்து போனது.

சிட்டுவிடம் நின்றது.

"இந்தப் பிள்ளையினுடைய தாயின் பாவத்தினிமித்தம், ஆண்டவரே, இதன் நாவு கட்டப்பட்டிருக்கிறது."

சிட்டுவின் சுருட்டை முடி உச்சந்தலையில் தட்டையாக அமுங்கியது.

ஐந்து விரல்களின் தடம் தெரிந்தது.

அவள் குழந்தையைத் தூக்கப் பார்த்தாள். தூக்க முடியவில்லை. நாற்காலியோடு வைத்துத் தைத்ததுபோல அது கனத்தது. மூடிய கண்களோடே அண்ணன் கிசுகிசுத்தான். "சொல்லு பாப்பா. ஒரு ஆமென். புள்ள பேசிடும்."

ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அந்தச் சொல் அவள் நாக்கில் வந்து உட்கார்ந்தது. பேசாத குழந்தையைப் பெற்றவளுக்குத்தான் அந்த நொடி எவ்வளவு நீளம் என்று தெரியும். குழந்தைக்கு இன்னும் வயது இருக்கிறது, பேச்சு மெதுவாகத்தான் வரும் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாள், எத்தனை இரவு அதைத் தனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறாள். பிறகு அம்மாவின் திறந்த கதவு நினைவுக்கு வந்தது.

"இல்லை," என்றாள் உரக்க. "அம்மாகிட்டயும் இதைத்தான் சொன்னீங்க. அவ எந்தப் பாவமும் பண்ணல. நானும் பண்ணல. என் பொண்ணு பேசறப்ப பேசட்டும். இதுக்கு நான் ஆமென் சொல்லமாட்டேன்பா. நீங்க செத்தாலும் சொல்லமாட்டேன். செத்துட்டீங்க, இப்பவும் சொல்லமாட்டேன்."

தண்ணீர் அசையவில்லை.

குரலில் கோபம் இல்லை. அவள் பேசியது அதன் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. அது குனிந்து, பொறுமையாக, கொஞ்சுகிறாற்போலச் சொன்னது.

"பாப்பா சொல்லட்டும்."

அப்போதுதான் புரிந்தது. அண்ணன் தப்பான ஆளைக் கூப்பிட்டிருக்கிறான். பழக்கதோஷத்தில் அவளையே பாப்பா என்று நினைத்துக்கொண்டு, அழைத்து உட்காரவைத்திருக்கிறான். அப்பா அவளுக்காகக் காத்திருக்கவில்லை. இந்த வீட்டின் கடைக்குட்டி இப்போது அவள் இல்லை.

சிட்டு மேலே பார்த்தது. யாரும் இல்லாத இடத்தில், ஒரு மனிதனின் முகம் இருக்க வேண்டிய உயரத்தில் அதன் கண்கள் போய் நின்றன. பயம் இல்லை. புதிதாகப் பார்க்கும் பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தது.

வாய் திறந்தது.

அண்ணி மூச்சை அடக்கினாள். மூடிய இமைகளுக்குக் கீழே அண்ணனின் முகம் மலரத் தொடங்கியது.

"ஏன்?" என்றது குழந்தை.

அந்த வீட்டு மேசையில் அதுவரை யாரும் சொல்லாத சொல். தெளிவாக, மணி அடித்தாற்போல வந்தது. எங்கே கற்றுக்கொண்டது என்று யோசிக்க வேண்டியதில்லை. பாட்டு முடிந்து குழந்தை தூங்கிவிட்டதென்று நினைத்து, இருட்டைப் பார்த்து அவள் தினமும் தனக்குள் கேட்டுக்கொள்ளும் சொல் அது.

உச்சந்தலையில் அமுங்கியிருந்த முடி சுருண்டு எழும்பியது. குழந்தையின் தலைக்கு மேலே மூச்சு ஒன்று பாதியில் நின்றது. தைல வாசனை விலகிக்கொண்டே போய், ஜன்னல் பக்கம் எங்கோ தேய்ந்தது.

அண்ணன் கண்ணைத் திறந்தான். ஆமெனுக்குக் காத்திராமல் அவனாகக் கண் திறந்தது வாழ்க்கையில் அதுவே முதல் முறை. சுற்றிலும் பார்த்தான். வெயிலுக்குக் கூசுபவனைப்போல இமைகளைச் சிமிட்டினான்.

"ஜெபம் முடியலையே," என்றான்.

"முடியாம இருக்கட்டும்," என்றாள் அவள், சிட்டுவைத் தூக்கிக்கொண்டே. இப்போது குழந்தை கனக்கவில்லை. "கேள்வி கேட்டாச்சு. பதிலை அவர் கொண்டு வரட்டும்."

அண்ணி தட்டை இழுத்து ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டாள். சூடாக இருக்கிறது என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள்.

அதன் பிறகு அண்ணன் வீட்டு மேசையில் எதுவும் கேட்கவில்லை. அண்ணி தொலைபேசியில் பேசும்போதெல்லாம் அதை உறுதி செய்தாள். இப்போது சாப்பிட்டுவிட்டுத்தான் ஜெபிக்கிறார்களாம், அதுவும் கண்ணைத் திறந்துகொண்டு. உங்க அண்ணன் ஒரு மாதிரி ஆகிட்டார் என்று சிரித்தாள். சிட்டு ஏன் என்பதிலிருந்து யார், எங்கே என்று போய், இப்போது காது வலிக்கப் பேசுகிறது.

ஒருநாள் காலை, நோயாளிகள் வருமுன் கருவியைச் சரிபார்ப்பதற்காக அவள் சத்தம் புகாத அறைக்குள் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். தடித்த கதவு மூடியது. வெளி உலகம் துண்டிக்கப்பட்டது. தன் ரத்தம் ஓடுவது மட்டும் அவளுக்குக் கேட்டது. ஒலி அனுப்பும் பொத்தான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தது. அங்கே யாரும் இல்லை.

டக்.

மூக்குக்கண்ணாடி மடங்கும் சத்தம்.

தொண்டை இரண்டு முறை செருமியது. வலது காதில், மிக நெருக்கத்தில். காற்றோட்டமே இல்லாத அந்த அறையில் தைலம் மணத்தது.

"ஏனென்றால்..." என்று ஆரம்பித்தது குரல்.

நின்றுவிட்டது.

அது ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருந்தது. மூச்சை இழுத்தது. மறுபடி, இன்னும் தணிந்து, "ஏனென்றால்..." என்றது. அதற்கு மேல் போகவில்லை.

அவளுக்குக் கேட்டது. சந்தேகமே இல்லாமல் கேட்டது.

அவள் கையைத் தூக்கவில்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்து, கண்களை நன்றாகத் திறந்துகொண்டாள். இனி அவள் காத்திருக்கலாம்.

"சொல்லுங்கப்பா," என்றாள்.