இடிப்பதற்குமுன் உள்ளே போனவன்

நவம்பர் ஒன்பதாம் தேதி. விடியலிலிருந்து விடாத தூறல், காற்று சிறிதுமில்லை.

மூன்று மாடி வணிகக் கட்டடத்தின் வாசலிலிருந்து தம்பி வெளியே வந்தபோது, அவன் சட்டை நனையவில்லை என்பதையே அக்கா முதலில் கண்டாள். வாசலுக்கும் அவள் நின்ற தகரத் தடுப்புக்கும் இடையே திறந்த முற்றம் கிடந்தது. அதை அவன் ஆற அமரக் கடந்து வந்தான். தூறலோ அவள் குடைமீது ஓயாமல் முணுமுணுத்தது. அவன் அருகில் வந்து நின்றதும், நெடுங்காலம் பூட்டிக்கிடந்த அறையைத் திறந்தாற்போல ஈரச் சுண்ணாம்பு வாடை எழுந்தது.

"உள்ள யாரும் இல்லையேடா?"

தலையை மட்டும் அசைத்தான். இவனோ வாய் மூடாதவன். நுழையும்போதுகூட, "பேய் பிசாசு இருந்தா மூட்டை கட்டச் சொல்லிட்டு வரேன்க்கா" என்று சிரித்துவிட்டுத்தான் போனான்.

தந்தை விட்டுச்சென்ற அக்கட்டடத்தை இடித்துத்தர ஆள் தேடியபோது, முதலில் வந்த ஒப்பந்தக்காரர் இருவரும் மாடிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, விலைகூடச் சொல்லாமல் வண்டியேறினர். மூன்றாமவர் வாசற்படியையே மிதிக்கவில்லை. வெளியில் நின்றபடியே நீளக்கை இயந்திரத்தால் இடிப்பதாக ஒப்புக்கொண்டு, ஒரே நிபந்தனை விதித்தார்.

"கடைசியா உள்ள போய்ப் பாத்து, காலின்னு சொல்ல வேண்டியது உங்க வீட்டு ஆள்தாம்மா. எங்க ஆளுங்க போகமாட்டாங்க."

சோம்பலுக்கும் ஒரு சட்டமா என்று அன்று சிரித்தவள், இன்று தம்பியை அனுப்பிவைத்தாள்.

ஒப்பந்தக்காரர் இப்போது அவளிடம் வந்தார். "போனவர் வந்துட்டாராம்மா? உங்க வாயால சொல்லுங்க."

"வந்துட்டான்."

அவர் கையை உயர்த்தினார். இயந்திரம் உறுமியது, அதன் இரும்புத் தாடை மழைக்குள் மெல்ல மெல்ல நிமிர்ந்தது.

அப்பொழுதுதான், இரண்டாம் மாடிச் சன்னலில், பல்லாண்டுத் தூசியை யாரோ உள்ளிருந்து உள்ளங்கையால் துடைப்பதை அவள் கண்டாள். வட்டமாய்த் தெளிந்த கண்ணாடியில் ஒரு முகம் தோன்றியது. அதன் வாய் அசைந்தது. அக்கா என்றது.

திரும்பினாள். அதே முகம் பக்கத்திலும் நின்றது. அதுவும் சன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"நிறுத்துங்க. தம்பி உள்ள இருக்கான்."

ஒப்பந்தக்காரர் அவளைப் பார்த்தார். அவளருகில் நின்றவனைப் பார்த்தார். சன்னல் பக்கம் மட்டும் பார்க்கவில்லை. "இதோ நிக்கிறாரேம்மா."

"இது அவன் இல்லைங்க."

சொன்னவுடனே, அச்சொல் எவ்வளவு பைத்தியக்காரத்தனமாய் ஒலிக்கிறது என்று அவளுக்கே புரிந்தது.

"தம்பி, அக்காவை அந்தப் பக்கமா கூட்டிட்டுப் போங்க. சொந்த இடம் இடியுறதைப் பாத்தா எல்லாருக்கும் இப்படித்தான் ஆகும்."

ஒரு கை அவள் மணிக்கட்டைப் பற்றியது. பற்றிய விரல்கள், சிமெண்டுக் கலவை இறுகுவதுபோல, அவசரமின்றி இறுகின. இழுத்தாள். உதைத்தாள். கடித்தாள், பல்லில் மணல் நெறுநெறுத்தது. கத்தினாள், இயந்திர இரைச்சல் அதை விழுங்கியது.

சன்னலில் இப்போது இரண்டு உள்ளங்கைகள்.

தாடை திறந்தது.

கண்ணாடி. சுவர். தளம்.

மேல்மாடி கீழ்மாடிமேல் அமர்ந்தது. கீழ்மாடி மண்மேல். தூறலாலும் அடக்க முடியாத புழுதி.

இயந்திரம் நின்றது. இடிபாட்டிலிருந்து ஒரு முனகல்கூட இல்லை. லாரிகளை வரச்சொல்ல ஒப்பந்தக்காரர் நடந்துவிட்டார்.

"அக்கா."

மிக அருகில். அவள் நிமிர்ந்து பார்த்தாள். பக்கத்தில் நின்றவனின் உதடுகள் மூடியே இருந்தன.

"அக்கா, இங்க ஒரே இருட்டா இருக்கு. கதவைத் திறயேன்."

சுவருக்கு அப்பாலிருந்து வருவதுபோல் அக்குரல் அவன் மார்புக்குள்ளிருந்து வந்தது. பிறகு தட்டும் ஓசை. சட்டைப் பொத்தான்களுக்குப் பின்னே, தோலை உள்ளிருந்து அழுத்தியபடி, ஐந்து விரல்கள் விரிந்தன.

அப்போது மாலை மணி ஐந்து நாற்பத்திரண்டு.