அவ நல்லா பேசுவா

பெங்களூர் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் மாலை ரயிலுக்காக நின்றிருந்தபோது, அதே பெட்டியில் தினமும் வரும் மெர்சி வந்து தமயந்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். எதற்கென்று தமயந்திக்கு விளங்கவில்லை.

"நீங்க சொன்ன மாதிரியே வீட்ல சொல்லிட்டேன்க்கா, அந்த மாப்பிள்ளை எனக்கு வேணாம்னு. அப்பா கொஞ்ச நாள் மூஞ்சி குடுத்துப் பேசல. இப்ப சரியாயிட்டாரு."

தமயந்தி அப்படி எதையும் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கும் இந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரியும். ஆனாலும் சிரித்துத் தலையாட்டி வைத்தாள். யார் எதைச் சொன்னாலும் அப்படித் தலையாட்டிவிடுவது அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

காக்ஸ் டவுனில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் ரிசப்ஷனில் உட்காருகிறவள் அவள். கன்னடத்தில் கேட்டவர்களுக்குக் கன்னடத்திலும் உருதுவில் கேட்டவர்களுக்கு அரைகுறை உருதுவிலும் நாள் முழுக்க 'சரி' சொல்லிக்கொண்டிருப்பாள். வீடு கோலார் தங்கவயலில். சுரங்கம் மூடியதிலிருந்து அந்த ஊரில் பாதிப் பேர் விடியுமுன் ரயிலேறி பெங்களூருக்கு வந்து, இருட்டியபின் திரும்புகிறவர்கள். வீட்டுக்குப் போனால் மாமியாருக்குக் கஞ்சி, கணவனுக்குச் சோறு, ஊற வைத்த துணி. மாலை ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்ததும் பையை மடியில் அணைத்துக்கொண்டு, வண்டி நகருமுன்பே தூங்கிவிடுவாள். ஊர் நெருங்கும் பங்காரப்பேட்டையில்தான் கண் திறக்கும். ஒரு நாளில் அவளுக்கென்று இருந்தது அந்தத் தூக்கம் மட்டும்தான்.

அதே வாரத்தில் ஆரஞ்சுக் கூடையோடு ஏறுகிற முத்தம்மா, அவள் மடியில் ஒரு பழத்தை வைத்துவிட்டுப் போனாள். மகனை அடிக்காமல் பேசிப் பார்த்தாளாம். தமயந்தி சொன்னது பலித்துவிட்டதாம். வேறொரு நாள், முன்பின் தெரியாத ஒருத்தி மெதுவாக அவள் தோளைத் தொட்டு, "இன்னிக்கு எப்பக்கா தூங்குவீங்க?" என்று கேட்டாள்.

அதற்குமேல் அவளால் தலையாட்டிவிட்டுப் போக முடியவில்லை. மெர்சியைத் தனியே அழைத்துக் கேட்டாள். மெர்சிக்கு ஆச்சரியம். தமயந்திக்குத் தெரியாது என்பதை அவள் நினைத்தே பார்க்கவில்லை. தூக்கத்தில் கண் மூடித்தான் இருக்குமாம், ஆனால் பேச்சு அவ்வளவு தெளிவாம். ஹூடி ஸ்டேஷன் தாண்டியதும் பக்கத்து சீட்டுகளிலிருந்து பெண்கள் வந்து கீழே உட்கார்ந்துகொள்வார்களாம். கேட்டதற்கெல்லாம் பதில் வருமாம்.

"முழிச்சினு இருக்கறப்ப நீங்க இப்படிப் பேசமாட்டீங்கக்கா," என்றாள் மெர்சி, கொஞ்சம் தயங்கி.

யோசித்துப் பார்த்தால் தமயந்திக்கும் சில நினைவுக்கு வந்தன. கண் திறக்கிற அந்த நொடியில் பெட்டிக்குள் சட்டென்று அமரும் ஒரு அமைதி, அவசரமாகத் தத்தம் இடத்துக்கு நகரும் புடவைகளின் சரசரப்பு, தன் முழங்காலருகே இன்னும் கலையாமல் நிற்கும் பல பேருடைய மூச்சும் வாடிய மல்லிகையும் ஆரஞ்சுத் தோலும் கலந்த வாசனை, தூங்கி எழுந்தவளுக்கு இருக்க வேண்டிய பிசுபிசுப்பு இல்லாமல் நிறையப் பேசியவளைப் போல வறண்டு கிடக்கும் தொண்டை. இத்தனை நாள் அந்த வறட்சி தூசியால் என்று நினைத்திருந்தாள்.

அன்று இரவு படுக்கையில் கணவன் குணசேகரிடம் சொன்னாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தபடியே, வீட்டிலும் அவள் தூக்கத்தில் பேசுவதுண்டு என்றான். ஒரு வருஷத்துக்கு மேலிருக்குமாம்.

"ஏங்க, என்னண்ட ஒரு வார்த்த சொல்லலியே?"

"சொல்லி இன்னா ஆவப்போது? அவ நல்லா பேசுவா."

சொன்னவன் உடனே குறட்டை விட ஆரம்பித்தான். அவ. தமயந்தி இருட்டில் கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். அவனோடு தான் கடைசியாக எப்போது பேசினோம், சாப்பாடு வைக்கட்டுமா என்பதைத் தவிர, என்று நினைத்துப் பார்த்தாள். நினைவுக்கு எதுவும் வரவில்லை.

மறுநாளிலிருந்து ரயிலில் நின்றுகொண்டே போனாள். டீக்கு மேல் டீ குடித்தாள். உள்ளங்கையில் ஊக்கை அழுத்திக்கொண்டாள். தூக்கக் கலக்கத்தில் கிளினிக்கில் நோயாளிகளுக்குக் கொடுத்த தேதிகள் மாறின, டாக்டர் சத்தம் போட்டார், அவள் 'சரி' என்றாள். பெட்டியிலிருந்த பெண்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள். உக்காருங்கக்கா, உக்காருங்க என்று எல்லாப் பக்கமிருந்தும் கைகள் நீண்டன. அவர்கள் முகத்தில் இருந்த அக்கறை தனக்கானதல்ல என்று அவளுக்குத் தெரிந்தது.

தாங்க முடியாமல் ஒருநாள் மெர்சியிடம் கேட்டுக்கொண்டாள்: நான் தூங்கினதும், நீ யாரென்று என்னிடம் கேள்.

அன்று பங்காரப்பேட்டையில் கண் திறந்தபோது மெர்சி எதிர் சீட்டுக்கு மாறியிருந்தாள். வெகுநேரம் வற்புறுத்திய பிறகுதான் சொன்னாள்.

"'தமயந்தி'ன்னு சொன்னீங்க. அப்புறம், முழிச்சினு இருக்கறவளையும் கேளு, அவளுக்கு இன்னா வேணும்னு கேளுன்னு சொன்னீங்க." மெர்சி அவள் பக்கமாகக் குனிந்தாள். "இன்னாக்கா வேணும் உங்களுக்கு?"

சின்னக் கேள்விதான். தமயந்தி வாயைத் திறந்தாள். கணவனுக்கு வேண்டியது தெரியும். மாமியாருக்குக் கஞ்சியில் உப்பு எவ்வளவு என்று தெரியும். டாக்டருக்கு எந்த நேரத்தில் கோபம் வரும் என்று தெரியும். தனக்கென்று தேடிப்போனால், நடந்து நடந்து, கதவே இல்லாத ஒரு சுவரைத் தொட்டது போலிருந்தது. காபி பிடிக்குமா டீயா என்பதுகூடத் தெரியவில்லை. வீட்டில் காபி போடுவதால் காபி, கிளினிக்கில் டீ கொடுப்பதால் டீ. தேடத் தேட அவளுக்கு அசதியாக வந்தது.

"அவ தனக்கு இன்னா வேணும்னு சொன்னா?" என்று கேட்டாள்.

"மழ வந்தா, துணி எடுக்க ஓடாம உக்காந்து பாக்கணும்னு. கிளினிக் பக்கத்துல, ஜீவனஹள்ளில ஒரு ரூம் எடுத்துத் தனியா இருக்கணும்னு. பழைய மாதிரி சத்தமா சிரிக்கணும்னு."

ஒவ்வொன்றும் உண்மை. காதில் விழுந்த மாத்திரத்தில் தெரிந்தது. ஆனால் ஊரில் யாரோ ஒருத்தியின் சங்கதியைக் கேட்பது போலத்தான் இருந்தது.

அதற்கடுத்த வாரம் மழை பிடித்துக்கொண்டது. பையப்பனஹள்ளியைத் தாண்டி, கே.ஆர்.புரத்துக்கு முன்னால் வண்டி நின்றுவிட்டது. விளக்குகள் ஒருமுறை மங்கி, அணைந்தன. ஜன்னலுக்கு வெளியே தூரத்து மேம்பாலத்தில் வாகன வெளிச்சங்கள் ஈரத்தில் கரைந்து ஊர்ந்தன. தகரக் கூரைமேல் மழையின் இரைச்சல், ஈரக் குடைகளின் நாற்றம், இரும்புக் கம்பியின் துருவாசம், எங்கோ ஒரு குழந்தையின் சிணுங்கல்.

தமயந்தி தூங்கவில்லை. ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தாள். கம்பி குளிர்ந்திருந்தது. சாரல் கன்னத்தில் பட்டது. நான் முழித்திருக்கிறேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். முழித்திருக்கிறேன்.

பக்கத்தில் ஒருத்தி பேசிக்கொண்டிருந்தாள்.

நல்ல குரல். அவசரமில்லாத, அடியில் ஒரு சிரிப்பு ஓடுகிற குரல். மழையில் வார்த்தைகள் சரியாகக் கேட்கவில்லை. யாரென்று பார்க்கத் திரும்ப நினைத்தாள்.

கழுத்து திரும்பவில்லை.

காலடியில் புடவைகள் சரசரத்தன. மல்லிகை வாசனை. மூச்சுகள். நெருங்கி வந்தன.

தொண்டை அதிர்ந்தது. அவள் தொண்டைதான்.

மெர்சி கைபேசியின் டார்ச்சைப் போட்டாள். வெளிச்சம் தமயந்தியின் முகத்தில் விழுந்தது. தரையில் உட்கார்ந்திருந்த அத்தனை பெண்களும் ஒரே சமயத்தில் கொஞ்சம் பின்வாங்கினார்கள்.

"அக்கா. கண்ணு தொறந்திருக்கே."

"ஆமா," என்றது அவள் வாய். "இனிமே தொறந்துதான் இருக்கும்."

"முழிச்சினு இருந்த அந்தக்கா எங்க?"

"இங்கதான் இருக்கா. பாத்துனு இருக்கா. பாவம், ரொம்ப அசந்துட்டா. தான் யாருன்னு உக்காந்து பாக்க அவளுக்கு நேரமே கெடைக்கல. எனக்குக் கெடைச்சுது."

மெர்சி. மெர்சி, நான்தான். கூப்பிடு. உலுக்கு. கன்னத்தில் அறை. தமயந்தி உள்ளே கத்தினாள். ஒரு விரல்கூட அசையவில்லை. மெர்சி குனிந்து அந்தக் கண்களுக்குள் உற்றுப் பார்த்தாள். எதையோ பார்த்துவிட்டாள். அவள் கை பாதி வழி நீண்டது.

அப்படியே நின்றது.

பிறகு மெர்சி டார்ச்சை அணைத்தாள். இருட்டில் அவள் இன்னும் கொஞ்சம் நெருங்கி வந்து உட்காருவது கேட்டது.

"அக்கா," என்றாள் மெதுவாக. "ஒண்ணு கேக்கணும்."

கம்பியைப் பிடித்திருந்த கை தானாகவே விட்டது. மெர்சியின் தலையை வருடியது. தமயந்தியின் உதடுகள், அவளுக்குத் தெரியாத ஒரு பதிலுக்காக, மெல்லப் பிரிந்தன.