ஒரு சொட்டு எண்ணெய்

அந்த வீட்டில் ஒட்டுகிற வேலை எல்லாம் அப்பாவுடையது. உடைந்த கோப்பை, வாய் பிளந்த செருப்பு, அட்டை கழன்ற பாடப்புத்தகம், எதுவானாலும் அவரிடம்தான் போகும். போகாமல் என்ன செய்யும்? தெருமுனையில் ஸ்டிக்கர் கடை வைத்திருப்பவர் ஆயிற்றே. அவர் ஒட்டிய எழுத்துகளோடு லாரிகள் மழையிலும் வெயிலிலும் ஊர் ஊராக ஓடுகின்றன. ஓர் எழுத்தின் ஓரம்கூடத் தூக்கிக்கொண்டதில்லை.

அப்படிப்பட்டவர் ஒட்டியும் நிற்காத பொருள் ஒன்று இருந்தது. அது அவருடைய மகளின் கையில் ஒட்டும் சென்சார்.

மகளுக்கு வீட்டில் டமாரம் என்று பெயர். ஒரு விஷயம் அவள் காதில் விழுந்தால் போதும், அடுத்த நிமிடம் தெருவுக்கே தெரிந்துவிடும். அவளுக்குச் சர்க்கரை நோய் இருந்தது. மிட்டாய் தின்று வந்ததல்ல. உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய இன்சுலினைச் சுரக்காமல் நிறுத்திவிட்டது, அவ்வளவுதான். அதனால் ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த வேலையைத்தான் சென்சார் செய்தது. சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம். மேல்கையின் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு, மெல்லிய கம்பி ஒன்றைத் தோலுக்குள் விட்டு, சர்க்கரை அளவைக் கைப்பேசிக்கு அனுப்பிவிடும். இரண்டு வாரம் கையில் இருக்க வேண்டியது. டமாரத்தின் கையில் நாலு நாள் இருந்தாலே பெரிய விஷயம்.

ஒருமுறை தலையணையில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. ஒருமுறை துண்டோடு துண்டாகத் துவைக்கப் போய்விட்டது. போன மாதம் நடந்ததுதான் கொடுமை. வகுப்பே மிருகக்காட்சி சாலைக்குக் கிளம்பிய காலையில், சட்டை மாட்டும்போது பொத்தென்று விழுந்தது. புதியதை ஒட்டினால் அது வேலை செய்யத் தொடங்கவே நேரமாகும். அதற்குள் பஸ் போய்விட்டது. சென்சார் இல்லாமல் அவளை நாள் முழுக்க வெளியே கூட்டிப்போக டீச்சருக்கும் பயம், அனுப்ப அம்மாவுக்கும் பயம்.

மற்றவர்கள் ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது டமாரம் ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று முழுக்க அவளிடமிருந்து சத்தமே இல்லை. பக்கத்து வீட்டு மாமா எட்டிப் பார்த்து, "என்ன, பாப்பா ஊர்ல இல்லையா?" என்று கேட்டார்.

இப்போது அடுத்த சுற்றுலா வருகிறது, கடற்கரைக்கு. அதற்கு இன்னும் சில நாள்தான் இருக்கிறது. பார்த்தால், கையிலிருந்த சென்சார் பள்ளிப் பையின் வாரோடு உரிந்து வந்துவிட்டது. வீட்டில் பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று.

"அடுத்தது வர நாளாகும். இதுவும் விழுந்தா கடற்கரை கிடையாதும்மா," என்றாள் அம்மா.

"பெட்டியை எடுத்துக்கிட்டு கடைக்கு வா. இந்தத் தடவை எப்படி விழுதுன்னு பார்த்துடறேன்," என்றார் அப்பா.

"போன தடவையும் இதையேதான் சொன்னீங்க," என்றாள் டமாரம்.

அவள் கடைக்குப் போனபோது அப்பா ஒரு பழைய வேனின் கதவிலிருந்து ஸ்டிக்கரை எடுத்துக்கொண்டிருந்தார். பஞ்சில் எண்ணெய் தொட்டு, ஓரம் முழுக்கத் தடவிவிட்டுக் காத்திருந்தார். பிறகு நகத்தால் லேசாக நெம்பினார். கதவில் ஒரு கீறல் இல்லாமல் ஸ்டிக்கர் அப்படியே உரிந்து வந்தது.

"எண்ணெய் எதுக்குண்ணே?" என்று கேட்டார் வேன் டிரைவர்.

"எண்ணெய் பட்டா பசை பிடியை விட்டுடும். நோகாம எடுத்துடலாம். ஆனா புதுசு ஒட்டறதுக்கு முன்னாடி சுத்தமா துடைச்சிடணும். துளி எண்ணெய் இருந்தாலும் யார் ஒட்டினாலும் நிக்காது."

ஸ்டூலில் உட்கார்ந்து ஆட்டிக்கொண்டிருந்த டமாரத்தின் கால் சட்டென்று நின்றது.

அவளுக்கு வேறொன்று ஞாபகம் வந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் சென்சார் ஒட்டுவதற்கு முன் அப்பா அவள் கையை மருந்துப் பஞ்சால் துடைப்பார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டி பாட்டிலை எடுத்து, ஒரே ஒரு சொட்டு எண்ணெயை விரலால் தடவிவிடுவார்.

ஏன் என்றும் அவளுக்குத் தெரியும். முதல் சென்சாரைப் பிரித்த அன்று அவள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. அதற்குப் பாதிக் காரணம் வலி. மீதிக் காரணம், அவள் டமாரம். ஆனால் அப்பா நிஜமாகவே பயந்துவிட்டார். அன்றிலிருந்துதான் அந்த எண்ணெய்.

'அப்பா, தப்பு உங்க மேலதான்' என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. டிரைவர் வேறு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். டமாரம் பிறந்ததிலிருந்து முதல் முறையாக ஒரு விஷயத்தை வாய்க்குள்ளேயே வைத்து மென்று முழுங்கினாள்.

வேன் போனதும், வண்டி நிற்கிற இடத்தில் ஸ்டூலைப் போட்டு ஏறி உட்கார்ந்தாள்.

"பாம், பாம்."

அப்பா திரும்பிப் பார்த்தார். "யாரோட வண்டி இது?"

"சொந்த வண்டிதான். ஸ்டிக்கர் ஒட்டணும். லாரிக்கு எப்படி ஒட்டுவீங்களோ அப்படியே ஒட்டணும். எதையும் மாத்தக் கூடாது."

"ஆகட்டும் முதலாளி. ஆனா வண்டில முன்பல்லு ஒண்ணைக் காணோமே."

"அது லைட்டு. புதுசு வந்துக்கிட்டிருக்கு."

அப்பா சோப்புப் போட்டுக் கை கழுவினார். அவள் கையை மருந்துப் பஞ்சால் துடைத்தார்.

"அடுத்தது?" என்றாள் டமாரம்.

"காயணும். ஈரத்து மேல ஒட்டக் கூடாது."

காய்ந்தது. அப்பாவின் கை பழக்கத்தில் சட்டைப் பைக்குப் போனது. குட்டி பாட்டில் வெளியே வந்தது.

"அப்பா," என்றாள் டமாரம். அவளுக்கு இவ்வளவு மெதுவாகப் பேச வரும் என்று அவளுக்கே தெரியாது. "லாரிக்கு இதைத் தடவுவீங்களா?"

அப்பாவின் கை அப்படியே நின்றது. பாட்டிலைப் பார்த்தார். தரையில் கிடந்த பழைய ஸ்டிக்கரைப் பார்த்தார். பிறகு அவள் எதிரே உட்கார்ந்துவிட்டார்.

"எனக்குத் தெரியாம இல்லடா. அன்னிக்கு நீ அழுத சத்தம் இன்னும் காதுலயே இருக்கு. ஒரு சொட்டுதானே, இது என்ன பண்ணிடப் போகுதுன்னு நினைச்சுட்டேன். லாரி அழாது. நீ அழுவே."

டமாரம் ஸ்டூலை அவர் பக்கம் நகர்த்திக்கொண்டாள். "அன்னிக்கு வலி கொஞ்சூண்டுதான்ப்பா. சத்தம்தான் ஜாஸ்தி."

அப்பா சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

"எண்ணெயே வேணாம்னு நான் சொல்லல. வேன் கதவுல எப்ப தடவினீங்க?"

"எடுக்கும்போது."

"அப்ப எனக்கும் எடுக்கும்போது தடவுங்க."

"அட, இவ்வளவு நாளா இது எனக்குத் தோணலையே."

"லாரிக்கு நீங்க அப்பா இல்லையே. அதான்," என்றாள் டமாரம்.

அப்பா பாட்டிலை மூடி வைத்தார். கையை இன்னொரு முறை துடைத்துக் காயவிட்டார். பை வார் உரசாத இடமாகப் பார்த்துச் சென்சாரை வைத்து அழுத்தினார். 'டப்' என்றது. சென்சார் நகராமல் அதன் மேலே ஒட்டும் பட்டையின் நாலு மூலைகளையும் கத்தரிக்கோலால் வட்டமாக வெட்டினார்.

"மூலை இருந்தா சட்டை மாட்டி இழுத்துடும். லாரிக்கும் இப்படித்தான்," என்றபடி நடுவிலிருந்து ஓரம்வரை கட்டைவிரலால் நீவிவிட்டார்.

கடற்கரையில் அலை அவளை ஒருமுறை குப்புறத் தள்ளியது. தோழி ஒருத்தி சரியாக அந்தக் கையையே பிடித்து இழுத்துத் தூக்கினாள். சென்சார் அசையவில்லை. அம்மா கொடுத்தனுப்பிய கைப்பேசியைப் பார்த்த டீச்சர், "சர்க்கரை இறங்குது, வந்து ஜூஸ் குடி," என்று கூப்பிட்டார். டமாரம் ஓடி வந்து குடித்தாள்.

"நல்லா ஒட்டியிருக்கே. யார் ஒட்டினது?" என்று டீச்சர் கேட்டார்.

"எங்கப்பா ஒட்டினது," என்றாள் டமாரம். அது கடற்கரை முழுக்கக் கேட்டது.

இரண்டு வாரம் முடிந்தது. அப்பா பஞ்சும் பாட்டிலுமாக வந்து உட்கார்ந்தார். பட்டையின் ஓரம் முழுக்க எண்ணெய் தடவினார். டமாரம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, எதற்கும் இருக்கட்டும் என்று மூச்சை இழுத்து வைத்துக்கொண்டாள்.

"வலிச்சா சொல்லு," என்றார் அப்பா.

அவள் காத்திருந்தாள். கன்னம் உப்பியது, முகம் சிவந்தது.

"எப்பதான்ப்பா எடுப்பீங்க?"

கண்ணைத் திறந்தாள். அப்பாவின் உள்ளங்கையில் சென்சார் இருந்தது. அவர் முகத்தில் அப்படியொரு சிரிப்பு.

இழுத்து வைத்த மூச்சை வீணாக்குவானேன்? "அம்மா, வலிக்கவே இல்ல," என்று டமாரம் கத்தினாள்.

பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது.

"ஓ, பாப்பா ஊருக்கு வந்தாச்சா?" என்றார் மாமா.