பதிலுக்கு நின்றவள்

கார் பள்ளத்தில் பாய்ந்தது!

ஒரு தடவை புரண்டது. இரண்டாவது தடவை புரளும்போது தீப்பிடித்தது. கதவு பிய்த்துக்கொண்டு திறக்க... எரிந்தபடியே ஒரு பெண் வெளியே வந்து விழுந்தாள்!

மேலே இருந்த கம்பளிக் கோட்டு எரிந்தது. கையிலிருந்த மரகத வளையல் மட்டும் எரியாமல் மின்னியது.

"கட்!"

மலைமேல் நின்ற அத்தனை பேரும் கை தட்டினார்கள். விழுந்தவள் பொம்மை. உள்ளே பஞ்சு, வெளியே பிளாஸ்டர்.

கை தட்டாத ஒரே ஆள், தயாரிப்பாளர் ராய்ஸ் ஹால்டேன்.

அவருக்கு இந்தக் காட்சி பழசு. பதினாறு வருஷத்துக்கு முன்னால், இதே மல்ஹாலண்ட் சாலையில், இதே வளைவில் நடந்தது. அப்போது உள்ளே பஞ்சு இல்லை. அவர் பெண்டாட்டி இருந்தாள்.

கோரின் ஆஷ்பி!

அந்தப் பெயரைப் போஸ்டரில் பார்த்தாலே போதும், ஹாலிவுட் தியேட்டர்களில் ஜனம் வரிசை கட்டிய காலம் ஒன்று உண்டு. அப்புறம் குடி. அப்புறம் தூக்க மாத்திரை. வசனம் மறந்தது. வாய்ப்பு போனது. கடைசியில் குடித்துவிட்டுக் காரைப் பள்ளத்தில் விட்டாள்.

ஊருக்குத் தெரிந்த கதை இதுதான். இப்போது எடுக்கிற படமும் இதுதான்.

ஊருக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அந்தக் காரின் ப்ரேக் குழாயை அறுத்தது ராய்ஸ் ஹால்டேன்!

கோரின் விவாகரத்து கேட்டாள். அதில் தப்பில்லை. பாதி சொத்தோடு கேட்டாள். அதுதான் தப்பாகப் போயிற்று.

கரிக்கட்டையை அடையாளம் காட்டச் சொன்னபோது, கோட்டின் பித்தானையும் வளையலையும் பார்த்துவிட்டு, 'இவள்தான்' என்றார். அழ வேண்டிய இடத்தில் அழுகை வரவில்லை. பயப்பட வேண்டிய இடத்தில் பயம் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி மனசு மரத்துப்போனது. ஊசியின் வேகம் இன்றுவரை இறங்கவில்லை. போதாததற்கு தினமும் இரண்டு மஞ்சள் மாத்திரை வேறு.

"பாஸ்!" உதவி இயக்குநர் மர்ரே ஓடி வந்தான். தொண்டையே அவன் பிழைப்பு. காதோரம் பேசினாலும் கத்துவான். "யாரு வந்திருக்கா தெரியுமா? ஓபல் க்ரீர்!"

"எந்த ஓபல்?"

"கோரின் மேடத்தோட ஸ்டாண்ட்-இன், பாஸ்! மேடமா நடிக்கிற ட்ரிஷ்ஷுக்கு அவங்க நடை வரவே மாட்டேங்குது. கோழி மாதிரி நடக்குது பொண்ணு. அதான் சொல்லிக்கொடுக்க டைரக்டர் கூப்பிட்டு விட்டிருக்காரு."

ஸ்டாண்ட்-இன் என்றால் பதிலுக்கு நிற்கிறவள். ஸ்டார் கூலாக அறையில் இருப்பாள். அவள் உயரம், அவள் நிறம் உள்ள இன்னொருத்தி விளக்குச் சூட்டில் நிற்பாள். லைட் சரியானதும் ஸ்டார் வருவாள், இவள் நகர்ந்துகொள்வாள். ஓபல் அப்படிப் பத்து வருஷம் நகர்ந்தவள்.

விபத்துக்கு மறுநாள் ஊரைவிட்டே போனாள். யாரும் தேடவில்லை. இரண்டாம் ஆளை யார் தேடுவார்கள்?

"என் டிரெய்லர் வண்டிக்கு வரச் சொல்லு," என்றார் ராய்ஸ்.

* * *

வந்தாள்.

நரைத்த தலை. தடித்த கண்ணாடி. வாயில் பற்றவைக்காத சிகரெட்.

உட்காரச் சொல்வதற்குள் உட்கார்ந்தாள். அதுவும் அவருடைய நாற்காலியில்! ஒன்றும் பேசாமல் சிகரெட்டை அவர் பக்கம் நீட்டினாள்.

ராய்ஸ் லைட்டரை எடுத்துப் பற்றவைத்தார். ஏன் பற்றவைத்தோம் என்று அவருக்கே தெரியவில்லை.

"ஆளே மாறிட்டியே, ஓபல்."

"பதினாறு வருஷம் சும்மா போகுமா சார்? நீங்க அப்படியே இருக்கீங்க. பதப்படுத்தி வச்ச மாதிரி."

"சாவுக்குக்கூட வரலையே நீ?"

"வந்தா அழணும். எனக்கு அழுகை வரலை." கண்ணாடி வழியாக அவரையே பார்த்தாள். "உங்களுக்கு வந்துச்சா?"

ராய்ஸ் லைட்டரை மூடிப் பையில் போட்டார்.

"ஸ்கிரிப்ட் படிச்சேன் சார். அன்னிக்கு அவ தள்ளாடிட்டே கார் சாவிய எடுக்கிறாளாம். அன்னிக்கு ஒரு சொட்டு தொடலையே அவ!"

"உனக்கென்ன தெரியும்? நீ அன்னிக்கு அந்த வீட்லயே இல்ல."

"யாரு எங்க இருந்தாங்கன்னு... உங்களுக்கு அவ்ளோ நிச்சயமா?"



அவருக்கு ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை. மாத்திரை நல்ல மாத்திரை.

"இங்க பாரு ஓபல். எவனாவது பத்திரிகைக்காரன் கேட்டா, அவ குடிச்சிருந்தான்னு நீயும் சொல்லணும். புரியுதா?"

"பொய் சொல்லச் சொல்றீங்களா?"

"சொன்னாலும் உன் மூஞ்சி காட்டிக்கொடுத்துடும். சான்ஸ் கேட்டு நீ நடிச்சுக் காட்டின டெஸ்ட் ரீலைப் பார்த்தவன் நான். சாமி சத்தியமா சொல்றேன், உனக்கு நடிக்க வராது. வாயை மூடிட்டு நடையை மட்டும் சொல்லிக்கொடு. போ."

எழுந்தாள். வாசலில் ஒரு கணம் நின்றாள்.

"சரிங்க சார்," என்றாள்.

* * *

மதியம். ஸ்டூடியோவுக்குள் கோரினின் படுக்கையறை செட் தயாராக இருந்தது. தரையில் நடிகை நிற்க வேண்டிய இடத்தில் சிவப்பு டேப்பால் ஒரு குறி.

ராய்ஸ் தன் பெயர் எழுதிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் லெப்டினன்ட் பரேரா. போலீஸ் காட்சிகளுக்கு யோசனை சொல்ல டைரக்டர் அழைத்துவந்த நிஜப் போலீஸ். காலையிலிருந்து ஒரே பல்குச்சியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"உங்க மனைவி கதையை நீங்களே எடுக்கிறீங்க," என்றார் பரேரா. "பார்க்கும்போது மனசு வலிக்காதா?"

"பழகிடுச்சு."

"அதிர்ஷ்டக்காரர். எனக்குப் பல் வலிக்கே உயிர் போகுது."

மர்ரே தொண்டையைத் திறந்தான்.

"செகண்ட் டீம்!"

செட்டில் எல்லாருக்கும் தெரிந்த குரல். செகண்ட் டீம் என்றால் ஸ்டாண்ட்-இன். லைட் போட வந்து நில் என்று அர்த்தம். ஃபர்ஸ்ட் டீம் என்றால் நடிகர்கள். கேமரா தயார் என்று அர்த்தம். வருஷக்கணக்கில் கேட்டவர்களுக்குக் காதில் விழுவதற்குள் கால் எழுந்துவிடும்.

அன்று கோரினுக்காக நின்ற அதே ஓபல் இன்றும் குறியில் நிற்கட்டும், பத்திரிகைக்குப் போட்டோ எடுக்கலாம் என்று டைரக்டர் ஆசைப்பட்டிருந்தார்.

ஓபல் அசையவில்லை. உட்கார்ந்து புகை விட்டாள்.

"செகண்ட் டீம்! ஓபல், கண்ணு, உன்னைத்தான்!"

ம்ஹூம்.

மர்ரே போய்த் தோளைத் தொட்டான். "என்ன தாயே, காது போச்சா?"

"என்னையா?" என்று திடுக்கிட்டாள். செட் சிரித்தது. குறியில் நின்றாள். விளக்குகள் ஏறின, இறங்கின. போட்டோக்காரர் படம் எடுத்தார். திரும்பப் போய் உட்கார்ந்தாள்.

ராய்ஸ் மாத்திரை டப்பாவைத் தேடினார். பத்து வருஷம் கேட்ட குரல். எழுந்திருக்கவில்லையே? ஏன்?

டப்பா கோட்டுப் பையில் இல்லை. டிரெய்லரிலேயே மறந்து வைத்திருந்தார்.

"ஃபர்ஸ்ட் டீம்!"

இளம் நடிகை ட்ரிஷ் கானலி அறையிலிருந்து வெளியே வந்தாள்.

அதற்குள் ஓபல் எழுந்துவிட்டாள்!

கண்ணாடியைக் கழற்றினாள். சிகரெட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் பக்கவாட்டில் நீட்டினாள், யாராவது வாங்கத்தானே இருக்கிறார்கள் என்பது போல. பரேரா வாங்கிக்கொண்டார். இடது தோள் லேசாக முன்னே வர... நடந்தாள்.

அந்த நடை!

ட்ரிஷ் பாதியில் நின்றுவிட்டாள். மர்ரே சிரிக்க வாயைத் திறந்தவன் அப்படியே மூடிக்கொண்டான்.

நடந்தவள் குனிந்து பார்க்காமலே சிவப்புக் குறியில் போய் நின்றாள். முகவாயைத் தூக்கினாள். வெளிச்சம் தேடி வந்து அவள் கன்னத்தில் உட்கார்ந்தது.

ராய்ஸ் ஹால்டேன் நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

முகமே தெரியாத கரிக்கட்டை... கோட்டு... வளையல்... கோட்டையும் வளையலையும் யார் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாமே! ஒரே உயரம், ஒரே உடம்பு. மறுநாளே ஊரைவிட்டுப் போனவள்... சாவுக்கு வராதவள்... என் நாற்காலியில் உட்கார்ந்தவள்... என்னையே சிகரெட் பற்றவைக்க வைத்தவள்...

காரில் போனது ஓபல்! அப்படியானால் இவள்?

அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன பாதிரி... ப்ரேக் பிடிக்குதா?"

பாதிரி!

அந்தப் பெயர் படுக்கையறையைத் தாண்டிப் போனதே இல்லை. ராய்ஸின் அப்பா கேன்சஸில் பாதிரியார். 'நீ பொய் சொன்னாக்கூடப் பிரசங்கம் மாதிரி சொல்றே' என்று கோரின் வைத்த பெயர். வேறு ஒருத்தரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

பதினாறு வருஷத்து ஊசி ஒரே நொடியில் இறங்கியது. அப்பப்பா! என்ன வலி!

"எப்படிப் பிடிக்கும்?" ராய்ஸ் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "எப்படிடி பிடிக்கும்? என் கையால நானே அறுத்தேனே! நீதானே கோரின் அதுல ஏறணும்? நீ ஏன் ஏறலை? ஏன்டி ஏறலை?"

குரல் கூரை வரைக்கும் போய்த் திரும்பியது.

மைக் பிடித்திருந்தவன் மட்டும் அதை அவர் பக்கம் திருப்பினான். நல்ல தொழிலாளி.

லெப்டினன்ட் பரேரா கையிலிருந்த சிகரெட்டை நிதானமாக நசுக்கினார்.

"உக்காருங்க மிஸ்டர் ஹால்டேன். டேப் ஓடிட்டிருக்கு."

* * *

போலீஸ் காரின் பின் சீட்டு. கையில் விலங்கு. ஜன்னல் கண்ணாடி பாதி இறங்கியிருந்தது.

"கோரின்!" என்று கூப்பிட்டார் ராய்ஸ். குரல் கெஞ்சியது. "கோரின், ஒரு நிமிஷம் இங்க வா. நீ உயிரோடதான் இருக்கே. அப்புறம் நான் எப்படிக் கொலைகாரன்? சொல்லு இவங்ககிட்ட!"

அவள் குனிந்தாள். தடித்த கண்ணாடி திரும்ப மூக்கில் ஏறியிருந்தது.

"கோரின் செத்துட்டா சார். நீங்கதானே கொன்னீங்க? அதுக்குள்ள மறந்துட்டீங்களா?"

"அப்போ... நீ?"

"ஓபல் சார். செகண்ட் டீம்."



"ஆனா... பாதிரின்னு..."

"அவளுக்கு வேற யாரு இருந்தா பேச? புருஷனா? லைட் போடற நேரம் பூரா என்கிட்டதான் கொட்டுவா. அன்னிக்குச் சாயங்காலமும் போன் பண்ணா. 'ஓபல், அதிசயத்தைக் கேளு. பல்பு மாத்தத் தெரியாத என் பாதிரி, காருக்கு அடியில படுத்து ரிப்பேர் பண்றான்'னு சிரிச்சா. சிரிச்சுட்டே கிளம்பிப் போனா."

அவள் குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் கேட்பதற்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஸ்டூடியோவுல சொன்னேன். ஊரைவிட்டுப் போடின்னாங்க. போலீஸ்ல சொன்னேன். குடிச்சிருக்கியான்னு கேட்டாங்க. ஏழை சொல் அம்பலம் ஏறாதும்பாங்க. ஸ்டாண்ட்-இன் சொல் வாசப்படியே ஏறலை சார். எனக்கும் எல்லாம் மரத்துப்போச்சு. தினம் கண்ணாடி முன்னாடி அவ நடையை மட்டும் நடந்து பார்ப்பேன். அவ இருக்கிற மாதிரி இருக்கும்."

பரேரா புதுப் பல்குச்சி ஒன்றை வாயில் வைத்துக்கொண்டார்.

"போன மாசம் இவங்க என்கிட்ட வந்தாங்க, மிஸ்டர் ஹால்டேன். கார் எப்பவோ காயலாங்கடைக்குப் போயிடுச்சு. சாட்சி கிடையாது. 'நான் எழுந்திருக்க வேண்டிய நேரத்துல உக்காந்திருப்பேன், உக்கார வேண்டிய நேரத்துல எழுந்திருப்பேன், அது போதும்'னாங்க. எனக்கு ஒரு மண்ணும் புரியலை. செகண்ட் டீம், ஃபர்ஸ்ட் டீம்... என்னை மாதிரி ஆளுக்கு அது வெறும் கத்தல். சினிமாக்காரன் ஒருத்தன்தான் அதுல ஏமாறுவான்!"

ராய்ஸ் கண்களை மூடிக்கொண்டார். கன்னத்தில் எதுவோ ஓடியது. வழக்கம் விட்டுப்போனதால், அது கண்ணீர் என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

பரேரா கார்க் கதவில் சாய்ந்துகொண்டு ஓபலைப் பார்த்தார்.

"சும்மா சொல்லக்கூடாது மேடம். பிளான் தெரிஞ்ச எனக்கே ஒரு நிமிஷம் நீங்கதான் கோரினோன்னு சந்தேகம் வந்துடுச்சு. இவ்ளோ பிரமாதமா நடிக்கிறீங்க. ஒருத்தன்கூடவா உங்களுக்கு ஒரு வேஷம் தரலை?"

"டெஸ்ட் எடுத்தாங்க. இந்த ஜென்மத்துக்கு நடிக்க வராதுன்னு சொல்லி ஒருத்தர் திருப்பி அனுப்பிட்டார்."

"யாரு அந்த மகா புத்திசாலி?"

ஓபல் பாதி இறங்கிய ஜன்னலைக் கட்டைவிரலால் காட்டினாள்.

"பின் சீட்டுல உக்காந்திருக்காரே... சார்தான்!"