கதை ஆன்ட்டியின் உபவாசம்

"இது என்னன்னு கேட்டேன்."

சாப்பாட்டு மேஜையின் நடுவே அந்தத் துணிப்பை உட்கார்ந்திருந்தது. அதன் வாயை முயலின் இரண்டு காதுகளைப் போலச் சுருக்கிட்டுக் கட்டியிருந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் நாத்தனார், மூக்குக்கண்ணாடியை நுனிவரை இறக்கிக்கொண்டு. இந்தப் பக்கம் அவள், கையில் துடைப்பத்துடன். முப்பத்தொரு வருடம் ஒரு பள்ளிக்கூடத்தையே ஆட்டிவைத்த தலைமையாசிரியைக்கு எதிரே துடைப்பத்துடன் நிற்பது எப்பேர்ப்பட்ட குற்றவாளிக் கோலம் என்பது அவளுக்குச் சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது. இப்போதெல்லாம் அவளுக்கு எல்லாமே சற்றுத் தாமதமாகத்தான் உறைத்தது.

"பை, அண்ணி."

"பைன்னு கண்ணுக்குத் தெரியுது. பின்வாசல் படியில எப்படி வந்துச்சு? துணி காயப்போடப் போனேன், கால்ல தட்டுச்சு."

"தெரியலை அண்ணி."

நாத்தனார் முடிச்சைப் பிரித்தார். உள்ளே ரொட்டிப் பாக்கெட், ஆனால் பாதிதான். வாயை ரப்பர் பேண்டு போட்டு மூடியிருந்தது. நான்கு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு முட்டை. பால் பவுடரிலும் பாதி.

"பாதி தின்னாச்சு. மீதி பத்திரமா இருக்கு. இந்த முடிச்சு யார் போடற முடிச்சு?"

"நான்தான்."

"போன்ல ஊரே கேக்குது, இருபத்திரண்டு நாளா உபவாசம்னு. பின்வாசல்ல பார்த்தா, பிள்ளைங்க வாயில போக வேண்டியது..." நாத்தனாரின் குரல் சட்டென்று உடைந்தது. கோபத்தைவிட அதுதான் அவளைச் சுட்டது. "உன்னை நான் எவ்வளவு உசரத்துல வச்சிருந்தேன் தெரியுமா?"

முன்ஹாலிலிருந்து கணவர் எட்டிப்பார்த்தார். மேஜையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"நீ சொல்லும்மா. என்ன நடந்துச்சு?"

சன்னல் வழியே காலை வெயில் பாலைக் கொட்டியதுபோல மேஜைமேல் பரவிக்கொண்டிருந்தது. பையின் ஒரு காது நீளம், இன்னொன்று குட்டை என்று சற்று முன் பார்த்தது அவள் நினைவுக்கு வந்தது. முயல் தலையைச் சாய்த்து ஒட்டுக்கேட்டதோ? சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாத நேரத்தில் சிரிப்பு வருவதும் இந்த இருபத்திரண்டு நாளில் வந்த பழக்கம்.

விஷயம் இதுதான்.

நோய்க்குப் பயந்து ஊர் கதவைச் சாத்திக்கொண்டு ஐந்தாவது மாதம். அவள் கணவர் கிறிஸ்தவ சபை ஊழியக்காரர். இப்போது வீட்டின் முன்ஹாலில்தான் ஊழியம். வேலை போன வீடுகளுக்காக மிஷன் லாரி வாரம் இரண்டு முறை சாமான் இறக்கிவிட்டுப் போகும். அவள் பைகளில் போட்டுக் கட்டுவாள். பிள்ளைகளே அவிழ்க்கட்டும் என்றுதான் முயல்காது முடிச்சு. பிறகு குழந்தை வண்டியில் அடுக்கித் தள்ளிக்கொண்டு கிளம்புவாள். ஒரு காலத்தில் ஆசையாய் வாங்கிய வண்டி. அதில் ஏற வேண்டியவர் கடைசிவரை வரவே இல்லை. இப்போது பருப்பும் முட்டையும் அதில் ஏறி, ஒரு சக்கரம் கீச்சிட, ஆளில்லாத தெருக்களில் ராஜ ஊர்வலம் போயின. வாசலில் பையை வைத்துவிட்டு ஆறடி பின்னால் போய் நின்று ஜெபம் செய்வாள். அப்புறம் சன்னல் கம்பியில் மூக்கை அழுத்திக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு கதை. அவளுடைய பெயர் எந்தப் பிள்ளைக்கும் தெரியாது. கதை ஆன்ட்டி, அவ்வளவுதான்.

சபைக் கூடங்களுக்குப் பூட்டு விழுந்ததும் ஊழியக்காரர் வீட்டுக்கு வரவேண்டிய காணிக்கையும் நின்றுபோனது. அதை ஊழியக்காரர் கவனிக்கவில்லை. அவர் பரலோகத்தைக் கவனித்தார், அவள் சமையலறையைக் கவனித்தாள். கல்யாணமான நாளிலிருந்து வேலையை அப்படித்தான் பிரித்திருந்தார்கள். பல் கட்டிக்கொள்ள ஒரு வாரம் தங்குகிறேன் என்று வந்த நாத்தனார் வேறு, பல்லும் இல்லாமல் பஸ்ஸும் இல்லாமல் மாட்டிக்கொண்டார். பைகளில் கைவைக்க அவளுக்கு மனம் வரவில்லை. லாரிக்காரன் கொண்டுவரும் பட்டியலில் அவர்கள் வீடு இல்லை.

மூன்று பேர் சாப்பாடு இரண்டு பேருக்குத்தான் காணும் என்றான ஒரு காலையில், "நீ சாப்பிடலையா?" என்று கணவர் கேட்டார். அவள் வாயில் தானாக வந்தது: "எனக்கு இன்னைக்கு உபவாசங்க."

ஒரே ஒரு நாளைக்குச் சொன்ன பொய். பொய்யிலும் பக்தியான பொய். ஆனால் அந்த மனிதர் அன்று மாலை போன் ஜெபத்தில், சபையார் எல்லாரும் கேட்க, தழுதழுத்த குரலில் அறிவித்துவிட்டார்: "என் துணைவியார் தேசத்துக்காக உபவாசம் எடுத்திருக்காங்க." மறுநாள் ஏழு பேர் போன் செய்து அவளை வாழ்த்தினார்கள். மூன்றாம் நாள் தன் மகனின் கால்வலிக்காகவும் சேர்த்து உபவாசிக்கும்படி ஒரு அம்மா கேட்டுக்கொண்டார். ஒரு பொய்யை நாலு பேர் சேர்ந்து தூக்கி பீடத்தில் வைத்துவிட்டால் அதைக் கீழே இறக்குவது லேசா? சாயங்காலம் பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருப்பதைச் சுரண்டித் தின்றுவிட்டு, அவள் புனிதவதியாக நடமாடிக்கொண்டிருந்தாள். தரை கொஞ்சம் மெத்தென்று இருந்தது. சுவர்கள் மெல்ல மூச்சுவிட்டன. பரிசுத்தம் என்பது இதுதான் போலும், தலைசுற்றலில் ஒரு வகை என்று நினைத்துக்கொண்டாள்.

இப்போது உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? கணவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார். நாத்தனாரோ, தம்பி வீட்டுக்குப் பாரமாகிவிட்டோம் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஓடாத ரோட்டில் நடக்க ஆரம்பித்துவிடுவார். செய்யக்கூடிய மனுஷிதான்.

"எனக்குத் தெரியலைங்க" என்றாள் அவள். அது மட்டும் உண்மையாகவே உண்மை.

கணவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "கொஞ்ச நாளைக்கு அக்கா பையைப் பார்த்துக்கட்டும். நீ... ரெஸ்ட் எடு."

"பையில கை வைக்க வேண்டாம். பிள்ளைங்ககிட்டக் கதையும் வேண்டாம்" என்றார் நாத்தனார். "வீடு எதுன்னு மட்டும் நாளைக்கு வந்து காட்டு. வாயைத் திறக்காதே."

பை போனால் போகட்டும். கதை? காலையில் அந்தச் சன்னல்களுக்குப் போவதற்காகத்தான் அவள் கால்கள் இத்தனை நாளும் நடந்தன. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள். அது வழுக்கி விழுந்தது. மறுபடி வைத்தாள்.

வழக்கம்போல நாத்தனார் அலமாரியிலிருந்த பிஸ்கட் டின்னை எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்த்தார். கலகலவென்றது. "வீட்டுல இத்தனை இருக்கு. அப்புறமும்..." என்று முனகிக்கொண்டே திருப்பி வைத்தார்.

மறுநாள் காலை ஊர்வலம் தலைகீழாகப் போனது. முன்னால் நாத்தனார் வண்டியைத் தள்ளிக்கொண்டு; ஆறடி பின்னால் அவள். தெரு வெள்ளையாய், சத்தமில்லாமல், யாரோ வரைந்துவிட்டு வண்ணம் தீட்ட மறந்ததுபோல நீண்டது. மூடிய கடைகளின் இரும்புக் கதவுகள் தண்ணீருக்கடியில் இருப்பவைபோல நெளிந்தன. சக்கரத்தின் கீச்சொலி எங்கோ தூரத்தில் ஒரு பறவையாகிவிட்டிருந்தது. அவள் கையை நீட்டி வீடுகளைக் காட்டினாள். நாத்தனார் வைத்தார், பின்வாங்கினார், தலைமையாசிரியைக் குரலில் ஜெபித்தார். ஒரு வீட்டில் பிள்ளைகள் எழுந்து அட்டென்ஷனில் நின்றுவிட்டன.

ஐந்தாவது வீடு, ஓட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஒரு அம்மாவுடையது. ஓட்டல் பூட்டியதோடு வேலை போனது. அந்த அம்மாவின் மகளுக்கு ஏழு வயது. ஓயாமல் கேட்பதால் கதை ஆன்ட்டி வைத்த பெயர் கேள்விக்குறி. சன்னலில் கேள்விக்குறி தயாராக நின்றாள்.

"கதை ஆன்ட்டி, ஏன் அங்க போய் நிக்கிறீங்க?"

கதை ஆன்ட்டி கையை மட்டும் அசைத்தாள்.

"இன்னைக்குக் கதை நான் சொல்றேன்" என்றார் நாத்தனார்.

"நீங்க யாரு?"

"நான் ஹெட்மிஸ்ட்ரஸ்."

"ஸ்கூல்தான் மூடிட்டாங்களே?"

நாத்தனார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். கேள்விக்குறி அவரை விட்டுவிட்டு மீண்டும் பின்னால் பார்த்தாள். "ஆன்ட்டி, பை கிடைச்சுதா? அம்மாவும் நானும் கடை தொறக்கற நேரத்துல வந்தோம். உங்க பின்வாசல்ல வச்சோம். முயல்காது எனக்குச் சரியா வரல. ஒண்ணு பெருசாயிடுச்சு."

வண்டியைப் பிடித்திருந்த நாத்தனாரின் கை அப்படியே நின்றது.

"நீங்களா வச்சீங்க? எதுக்கு?"

"ஆன்ட்டி சாப்பிடறதில்லையே. ஒரு தாத்தா மிருகங்களை எல்லாம் கப்பல்ல ஏத்தின கதை சொன்னாங்க. நான் கேட்டேன், வெள்ளம் வந்தப்போ அந்தக் கப்பல்ல அவ்வளவு நாளா என்ன சாப்பிட்டாங்கன்னு. இருந்ததை எல்லாரும் பங்கு போட்டுக்கிட்டாங்கன்னாங்க. அந்தத் தாத்தாவோட வீட்டுக்காரம்மாவுமான்னு கேட்டேன். அந்தம்மாவுக்கு உபவாசம்னாங்க. அப்படின்னா என்னன்னு கேட்டேன். வீட்டுல பத்தாதப்போ அம்மாங்க சொல்ற வார்த்தைன்னாங்க."

விளையாட்டாக நாக்கிலிருந்து நழுவியது அது. தலை மிதந்துகொண்டிருந்த ஒரு காலையில். அன்றைக்கே கதை ஆன்ட்டி அதை மறந்தும் போனாள்.

உள்ளிருந்து அந்த அம்மா வந்து சன்னலருகே நின்றாள். முகக்கவசத்துக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இவ வந்து சொன்னா. கதை ஆன்ட்டியும் உன்னை மாதிரிதாம்மா, நீ வயிறு சரியில்லைன்னு சொல்லுவே, அவங்க உபவாசம்னு சொல்றாங்கன்னு. எனக்குத் தூக்கிவாரிப்போட்டுது. நானும் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன், வாரா வாரம் உடுப்பு உடம்புல தொளதொளன்னு ஆகுது. நேர்ல குடுத்தா வாங்க மாட்டாங்க. அதான் பாதியைக் கட்டிக் கொண்டுவந்து வச்சோம். முழுசையும் குடுக்க முடியலை... இவளுக்கு வேணுமே."

நாத்தனார் திரும்பினார். மெதுவாக, மிக மெதுவாகத் திரும்பியதாக அவளுக்குத் தோன்றியது. அண்ணி ஏன் இப்படிச் சாய்ந்து நிற்கிறார் என்று வியந்தாள். சாய்வது தான்தான் என்பது, வழக்கம்போல, சற்றுத் தாமதமாக உறைத்தது.

கண் திறந்தபோது நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். நாத்தனார் அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டு, மற்றொரு கையால் குழந்தை வண்டியை இழுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, என்ன பண்றீங்க?"

"இதுல ஏறு."

"அண்ணி, நான் அதுல கொள்ள மாட்டேன்."

"கொள்ளுவே. உடம்புல என்ன இருக்கு?" என்றவர் அந்த வார்த்தையிலேயே இடறி, அவள் தலையைத் தன் மார்பில் அழுத்திக்கொண்டார். "முப்பத்தொரு வருஷம் பரீட்சை ஹால்ல நின்னேன். எந்தப் பிள்ளை காப்பி அடிக்குது, எந்தப் பிள்ளை பசியில தலை சாயுதுன்னு ஒரு பார்வையில சொல்லுவேன். வீட்டுக்குள்ள தெரியாமப் போச்சே... ஏன்டி சொல்லலை?"

அவர் அவளை 'டி' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. பட்டம் கிடைத்ததுபோல இருந்தது.

"சொன்னா நீங்க கிளம்பிடுவீங்க."

"கிளம்பித்தான் இருப்பேன்" என்றார் நாத்தனார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

வீட்டுக்கு வந்ததும் அவர் நேராக அலமாரிக்குப் போய் பிஸ்கட் டின்னைத் திறந்தார். உள்ளே பொத்தான்கள். பழைய சட்டைகளிலிருந்து வெட்டியெடுத்த, பல நிறப் பொத்தான்கள். ஐந்து மாதமாக இவற்றின் சத்தத்தைத்தான் காலைதோறும் கேட்டுத் திருப்தியடைந்திருக்கிறார். டின்னோடு போய்த் தம்பியின் முன் வைத்தார்.

"டேய். இந்தா, உன் வீட்டுப் பிஸ்கட். சாப்பிடு."

எல்லாவற்றையும் கேட்டு முடித்தபோது ஊழியக்காரர் நாற்காலியில் இருந்தபடியே சிறுத்துப்போனார். "தினமும் போன்ல சொன்னேனே" என்றார். "தினமும் பெருமையாச் சொன்னேனே... நான் தின்னதெல்லாம் உன் தட்டுலேர்ந்து வந்துதா?" அவர் கண்களைத் துடைக்கவில்லை. அவள் பக்கத்தில் வந்து, அவள் காலடியில் தரையில் உட்கார்ந்து, அவள் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டார். அந்த முகம் ஈரமாயிருந்தது. "நேத்து உன்கிட்ட ரெஸ்ட் எடுன்னு சொன்னேன். அதை எப்படிம்மா நான் அழிப்பேன்?"

"அழறதை அப்புறம் வச்சுக்கோ" என்றார் நாத்தனார். "அடுப்பைப் பத்தவை. இன்னைலேர்ந்து சமையலறையும் உன் ஊழியம்தான்."

காது கோணிய பையிலிருந்த இரண்டு முட்டையும் வெந்தன. அவள் தயங்கினாள், அது பிள்ளையின் பங்கு. "எடுத்தாத்தான் திருட்டு. இது குடுத்தது" என்று நாத்தனார் ரொட்டியைப் பிட்டு அவள் வாயில் வைத்தார். ரொட்டி ருசித்தது என்பது சின்ன வார்த்தை. மிதந்துகொண்டிருந்த மேஜை, சுவர், சன்னல் எல்லாம் ஒவ்வொன்றாகத் தரைக்கு இறங்கி, அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தன.

அன்று மாலை போன் ஜெபத்தில் கணவர் பேச ஆரம்பிக்கும் முன் நாத்தனார் போனை வாங்கிக்கொண்டார்.

"ஒரு திருத்தம்" என்றார். கரும்பலகையில் தட்டுவதுபோல மேஜையில் விரலால் தட்டினார். "என் தம்பி மனைவி உபவாசம் இருக்காங்கன்னு இங்க சொல்லப்பட்டுது. அந்த வார்த்தை தப்பு. சரியான வார்த்தை, பட்டினி. சாப்பாடு இருந்து விடறது உபவாசம். இல்லாம விடறது பட்டினி. நாங்க உக்காந்து தின்னோம், அவ பட்டினி கிடந்தா. நேத்து அவளை நான் திருடின்னு நினைச்சேன். எல்லாரும் கேக்கறப்பவே சொல்றேன்... என்னை மன்னிச்சுடு."

 போனில் யார் வீட்டிலோ குழாய் சொட்டும் சத்தம். அப்புறம் ஒரு பெண்குரல், தையல்கார அக்காவுடையது: "ஐயா... நானும் எட்டு நாளா உபவாசம்னு சொன்னேன் இல்ல? அதுவும் திருத்தம்தான்." இன்னொரு குரல்: "எங்க வீட்டுல எனக்கு வயித்துவலி." இன்னொன்று. இன்னொன்று. ஊழியக்காரர் பென்சிலை எடுத்து, லாரிக்காரனின் பட்டியலில் அந்த வீடுகளை ஒவ்வொன்றாக எழுதினார். கடைசி வரியில் தன் வீட்டையும் எழுதினார்.  

மறுநாள் காலை வண்டியை அவள் தள்ளினாள். நாத்தனார் பக்கத்தில் நடந்தார். பைகளில் பாதி அவர் கட்டியவை. காதுகள் திசைக்கொன்றாகத் தொங்கின.

கேள்விக்குறி சன்னலில் காத்திருந்தாள். "ஆன்ட்டி, அந்தக் கப்பல் கதை. அந்தம்மா அப்புறமாவது சாப்பிட்டாங்களா, இல்லையா?"

கதை ஆன்ட்டி பக்கத்தில் நின்றவரை ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"சாப்பிட்டாங்க கண்ணு. சாப்பிடாம இருக்க முடியுமா? அந்தக் கப்பல்ல அவங்களுக்கு ஒரு நாத்தனார் இருந்தாங்க."