ஈரம் போகாத எண்ணெய்

டீசல் ஊற்றுவதற்காக ஜெனரேட்டரை நிறுத்திய பிறகும் டிரான்ஸ்பார்மர் முனகிக்கொண்டிருந்தது.

சத்தார் டீசல் டின்னைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டான். பன்னிரண்டு வருடமாக டிரான்ஸ்பார்மர்களோடு கிடக்கிறவன் அவன். மின்சாரம் ஓடினால் அவை முனகும். அந்தச் சத்தத்திலேயே எது நல்லது எது கெட்டது என்று சொல்லிவிடுவான். ஆனால் இதற்கு இன்னும் கம்பியே இழுக்கவில்லை. அடிவாரத்திலிருந்து மலையேறி வந்த லைன், இரண்டு மைல் கீழே ஒரு மொட்டைக் கம்பத்தோடு நின்றிருந்தது.

தகரக் கொட்டகை மேல் மழை பரபரவென்று விழுந்தது. அதற்கு அடியில், வாயைப் பொத்திய மனுஷன் மூக்கால் அழுவது மாதிரி அந்த முனகல். சத்தார் இரும்புத் தொட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். சூடாக இருந்தது. உள்ளே எதுவோ நடுங்கியது. தொட்டதைத் தெரிந்துகொண்டதுபோல் சட்டென்று நின்றது.

"இன்னாடா சத்தாரு, கல்லு மாதிரி நின்னுட்ட?" என்றார் வாசல் பக்கமிருந்து கோபால்சாமி. கணியம்பாடிக்காரர். இந்த வேலைக்கு அவர்தான் மேஸ்திரி. ஐம்பது வயதிலும் முறுக்குக் குறையாத கைகள்.

"உள்ள சத்தம் வருது மேஸ்திரி."

"சூடான எண்ணெ, சத்தம் வராம இன்னா பண்ணும்? ஊத்து, ஊத்து."

புதூர்நாட்டுப் பக்கம் அறுபத்து மூன்றாம் வருஷத்து ஐப்பசி அது. மலைக்கு முதன்முதலாக மின்சாரம் வரப்போகிறது. கறுப்பு யானை மாதிரி அந்த டிரான்ஸ்பார்மர் கொட்டகையை அடைத்துக்கொண்டு நின்றது. அதன் வயிறு நிறைய எண்ணெய். அந்த எண்ணெயில் ஒரு சொட்டு ஈரம்கூட இருக்கக்கூடாது. இருந்தால் மின்சாரம் விட்ட அன்றே வெடித்துவிடும். அதனால் எண்ணெயைக் குழாய் வழியாக இழுத்து, சூடாக்கி, தடித்த காகிதங்களுக்குள் அழுத்தி வடிகட்டி, திரும்ப உள்ளே விடவேண்டும். ராத்திரி பகல் நிறுத்தாமல் மூன்று நாள் ஓட்டினால் ஈரம் போய்விடும்.

அன்றைக்கு ஒன்பதாவது நாள்.

சத்தார் கிண்ணத்தில் கொஞ்சம் எண்ணெய் பிடித்து, அடுப்பில் பழுத்துக் கிடந்த இரும்புக் கம்பியை அதில் நுழைத்தான். ஈரமில்லாத எண்ணெய் புகையும், அவ்வளவுதான். இது சடசடவென்று வெடித்தது. சின்னச் சின்ன எலும்புகள் முறிவது மாதிரி. அவன் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டான். அந்தச் சத்தத்தை அவன் முன்பே ஒருமுறை கேட்டிருக்கிறான்.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால், மூன்றாவது வளைவில். டிரான்ஸ்பார்மரை மரச்சட்டத்தில் ஏற்றி, மேலே மரத்தோடு கட்டிய கைச்சக்கரத்தில் வடத்தைச் சுற்றிச் சுற்றி இழுத்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சக்கரத்தின் கைப்பிடி சத்தார் கையில். சட்டம் சறுக்காமல் பக்கத்திலேயே நடந்து கட்டை கொடுத்துக்கொண்டு வந்தவன் கோவிந்தன், மலைக்காரன், சாமை விதைத்துப் பிழைத்தவன், கூலிக்கு வந்திருந்தான். சேற்றில் சட்டம் ஒரு அடி பின்னால் சறுக்கிச் சுழன்றது. அதன் முன்முனைக்கு அடியில் கோவிந்தனின் கால்கள் போய்விட்டன. ஜாக்கி வைத்துத் தூக்கியிருக்கலாம். தூக்கியிருந்தால் உயிரோடு எடுத்திருக்கலாம்.

"நிறுத்தினா மொத்தமும் பள்ளத்துக்குப் போயிடும்!" என்று கத்தினார் கோபால்சாமி. "சுத்துடா!"

"வேணாம் பாய்," என்றான் கோவிந்தன், சட்டத்துக்கு அடியிலிருந்து.

சத்தார் சுற்றினான். நாலு சுற்று. இரண்டாவது சுற்றில் சட்டம் கோவிந்தனின் இடுப்புக்கு ஏறியது. மூன்றாவதில் குரல் நின்றது. வடம் அறுந்து மண்டையில் அடித்து அந்த இடத்திலேயே போய்விட்டான் என்று ஊருக்குச் சொன்னார்கள். பாயில் சுருட்டிக் கட்டிய உடம்பை அவிழ்க்கவிடாமல் புதைக்கவைத்தார் கோபால்சாமி. சத்தாரும் ஒரு பிடி மண் போட்டான்.

அன்றிலிருந்து கோவிந்தன் பெண்சாதி அம்மாக்கண்ணு தினமும் வந்தாள். உள்ளே வரமாட்டாள். கொட்டகை வாசலில் நின்று பார்ப்பாள். அன்றைக்கும் மூன்று மணிக்கு, நனைந்த முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"பாய், அவரு கடைசியா ஒண்ணுமே சொல்லலியா?"

"இல்லம்மா. ஒடனே போயிட்டாரு."

"எங்க சாமக் கொல்லி வரைக்கும் கத்தல் கேட்டுச்சு பாய்."

சத்தார் குனிந்து அடுப்பில் கம்பியைப் புரட்டினான். அவள் வாசலை விட்டுப் போய்ப் பலா மரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள். நகரவில்லை.

நாலரைக்கே மலை மூடுபனியில் முழுகிவிட்டது. வாசலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர எதுவுமில்லாமல் ஆனது. வெந்த எண்ணெயின் வாசம் தொண்டையில் ஒட்டியது. அதற்குள் இன்னொரு வாசம், ஈர மண்ணும் பழைய ரத்தமும் சேர்ந்த மாதிரி, சத்தார் வேண்டாம் வேண்டாம் என்று மூக்கைத் திருப்பிய வாசம். வடிகட்டும் காகிதத்தை உருவினான். பழுப்பாக இருக்கவேண்டியது. செம்மண் நிறத்தில் ஊறியிருந்தது. அதன் மடிப்பில் ஒரு நகம்.

"மேஸ்திரி, இத நிறுத்திடலாம்," என்றான்.

கோபால்சாமி காகிதத்தைப் பிடுங்கிப் பார்த்தார். ஒரு கணம் அவர் முகமும் மாறியது. பிறகு கோபம் வந்தது. "எவனோ வேலக்காரன் எதையோ உள்ள போட்டுட்டான். தெறந்து பாத்துட்டா போச்சு."

"வேணாம் மேஸ்திரி. கையெடுத்துக் கும்புடறேன்."

அவர் ஏணி வைத்து ஏறினார். ஜெனரேட்டரை நிறுத்தச் சொன்னார். தொட்டியின் தலையில் தோள் நுழையும் அளவுக்கு ஒரு மூடி. ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றினார். மூடியைத் தள்ளினார். ஆவி எழும்பியது. டார்ச் அடித்துக் குனிந்தார்.

"துணி கெடக்குதுடா. பெரிய துணி." சட்டைக் கையை மேலே சுருட்டினார். கொதிக்காத சூடுதான், ஆனாலும் தோல் உரியும் சூடு. பல்லைக் கடித்துக்கொண்டு கையை விட்டார். "கெடச்சிடுச்சு... சிக்கினுகீது..."

பிறகு வேறு குரலில் சொன்னார்.

"உடு."

சத்தார் அண்ணாந்து பார்த்தான். தன்னிடம் சொல்கிறார் என்று நினைத்தான்.

"உடுடா! உடு!"

அவர் தலை உள்ளே போனது. யாரோ இழுத்த மாதிரி. கால்கள் தொட்டியை உதைத்தன. ஏணி சரிந்தது. சத்தார் தொட்டியின் மேல் தாவி ஏறி அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்தான். எண்ணெய் அலம்பி அவன் முகத்தைச் சுட்டது. இழுத்தான். உள்ளேயிருந்தும் இழுத்தது. ஒரே சீராக. ஒரு இழுப்பு. ஒரு நிறுத்தம். ஒரு இழுப்பு. ஒரு நிறுத்தம்.

மூன்றாவது இழுப்பில் கோபால்சாமியின் தோள் உடைந்தது. சத்தாருக்குக் கேட்டது. எண்ணெய்க்குள்ளிருந்து குமிழி குமிழியாக அவர் கத்தல் வெடித்தது.

நாலாவது.

அந்தத் துளைக்குள் நுழையாத உடம்பு நுழைந்தது. விலா எலும்புகள் விளிம்பில் மடிந்தன. கால்கள் இரண்டு தரம் துடித்தன. நின்றன.

"நான்தான்!" சத்தார் அலறினான். "நான்தான் சுத்தினேன் கோவிந்தா! நீ வேணாம்னு சொன்ன! கேட்டுச்சு! கேட்டுகினேதான் சுத்தினேன்!"

பிடி தளர்ந்தது.

சத்தார் மல்லாந்து தரையில் விழுந்தான். கோபால்சாமி அவன் மேல் விழுந்தார். தோள் வரைக்கும் தோலில்லை. வாய் திறந்திருந்தது. வாயிலிருந்து எண்ணெய் வழிந்தது.

அவர் கழுத்தைச் சுற்றி இரண்டு கைகள்.

கைகளுக்குப் பின்னால் தலை. தோள். மார்பு. அவர் முதுகோடு ஒட்டிக்கொண்டு வெளியே வந்திருந்தது. இடுப்பு வரைக்கும் ஆள். அதற்குக் கீழே ஆளில்லை. அகலமாக, தட்டையாக, பிழியாத துணிபோல், தொட்டியின் விளிம்பு வரை நீண்டு தொங்கியது. சத்தார் புரளப் பார்த்தான். முடியவில்லை. ஒரு கை கோபால்சாமியை விட்டுவிட்டுத் தரையைத் தடவியது. சத்தாரின் சட்டையைத் தடவியது. முழங்கையைத் தடவியது. மணிக்கட்டுக்கு வந்ததும் நின்றது.

பிடித்தது.

வாசலில் நிழல் விழுந்தது. அம்மாக்கண்ணு. மழை அவள் மேலிருந்து சொட்டியது. சத்தார் போட்ட கூச்சல் பலா மரத்தடிக்குக் கேட்டிருக்கும். ஒவ்வொரு சொல்லும் கேட்டிருக்கும்.

"அம்மா," என்றான் சத்தார். "ஓடிடும்மா."

அவள் ஓடவில்லை. இத்தனை நாள் வாசலோடு நின்றவள் உள்ளே வந்தாள்.

"இந்தாய்யா," என்றாள் மெதுவாக. "வந்துட்டியா?"

அந்தத் தலை அவள் குரல் பக்கம் திரும்பியது.

அவள் சத்தாரின் பக்கத்தில் மண்டியிட்டாள். முந்தானையைப் பிழிந்தாள். அந்த முகத்தைத் துடைத்தாள். நெற்றி, கண், வாய். துடைக்கத் துடைக்க உள்ளிருந்து எண்ணெய் ஊறி வந்தது. சத்தாரின் மணிக்கட்டில் முதல் எலும்பு முறிந்தது. அவன் கத்தினான். அவள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. துடைத்துக்கொண்டே இருந்தாள்.