பத்துக்கு ஆறு

மழை சாய்வாக அடித்தது. பேருந்து நிழற்குடையில் பத்துப் பேர் நிற்கலாம். பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். அவளுடைய வலது தோள் உள்ளே, இடது தோள் மழையில். பக்கத்தில் நெடுநெடுவென்று ஒருவன். அவனுக்கு அந்தப் பக்கம் மட்டும் ஓர் அடி இடம் காலியாக இருந்தது. தெருவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"கொஞ்சம் நகர்ந்து நிக்கிறீங்களா?" என்றாள்.

அவன் திரும்பக்கூட இல்லை.

மறுபடியும் கேட்டாள். காதில் விழுந்ததற்கு அடையாளமாக அவன் தோள் மட்டும் லேசாக அசைந்தது. அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மனிதர்கள் பேசினால் முகத்தைத் திருப்பிப் பார்ப்பதற்குக் கூடவா கஷ்டம்...

"இவ்வளவு தலைக்கனம் ஆகாது சார்."

அப்போதுதான் அவன் திரும்பத் தொடங்கினான். முதலில் கால்கள். பிறகு இடுப்பு. பிறகு தோள்கள். தலை மட்டும் தனியாக அசையவே இல்லை. இரண்டு பேர் சேர்ந்து ஓர் இரும்பு அலமாரியை நகர்த்துவதுபோல் முழு உடம்பும் ஒன்றாகத் திரும்பி அவள் முன் வந்து நின்றது. மூக்குக்கண்ணாடியில் மழைத்துளிகள். அவற்றின் பின்னால் இரண்டு கண்கள், திட்டு வாங்கிய கண்கள் போல் இல்லை... சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கும் கண்கள்.

"தலைக்கனம் இல்லைங்க. கழுத்து. இந்த வேகத்துலதான் திரும்பும்."

அவள் முகம் சூடானது. ஆனால் தொழில் பழக்கம் விடவில்லை. கண்ணைப் பார்த்த கண் அடுத்த நொடி கழுத்துக்குப் போய்விட்டது. இடது தோள் ஓர் அங்குலம் தூக்கி நின்றது. தாடை முன்னே நீண்டிருந்தது. எத்தனை நாளாக என்று கேட்டாள். மூன்று வருடம் என்றான். அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். நான்கு வருடமாக ஓர் அகராதியின் மேல் குனிந்திருக்கிறான். கழுத்து என்ற சொல்லுக்கு வந்த வாரம்தான் பிடித்துக்கொண்டது என்று அவன் சொன்னபோது அவளால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

தெருவுக்கு எதிரே மாடியில் இருந்த ஒரு ஜன்னலைக் காட்டினாள். "அங்கேதான் வேலை பார்க்கிறேன். கழுத்துக்கு மசாஜ் சிகிச்சை. வந்து பாருங்க. தலைக்கனம் எல்லாருக்கும்தான் இருக்கு சார், அஞ்சு கிலோ பக்கம். நீங்க அதைக் குனிஞ்சே சுமக்கிறீங்க, அவ்வளவுதான்."

அவன் நகர்ந்து இடம் கொடுத்தான். மீண்டும் அதே அலமாரி வேகத்தில்.

மூன்றாம் நாள் மாடிப்படி ஏறி வந்துவிட்டான்.

எலும்பு மருத்துவமனையின் மாடியில், முன்பு சாமான் அறையாக இருந்த இடம் அது. ஒரு நீள மேசை, வெந்நீரில் பிழிந்த துண்டுகள், ஒரு சுவர்க் கடிகாரம், நிழற்குடையைப் பார்த்த ஜன்னல். மருத்துவமனையை நடத்திய பெரிய டாக்டர் அம்மாவுக்கு மசாஜில் பெரிய நம்பிக்கை கிடையாது. அந்த அறையில் கழுத்தை இழுக்கும் மெஷின் ஒன்றை வைக்க வேண்டும் என்பது அவருடைய எண்ணம். கெஞ்சிக் கூத்தாடி அவள் ஐந்து வாரம் வாங்கியிருந்தாள். ஐந்து நோயாளிகள், வாரம் இரண்டு முறை, ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரம். படுப்பதற்கு முன் பத்துக்கு எத்தனை வலி என்று நோயாளியே தன் கையால் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மற்ற நால்வருக்கும் சில மாத வலி. அது தானாகவே குறையக்கூடியது என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். மூன்று வருடக் கழுத்து வலி குறைகிறதா பார்க்கலாம். குறைந்தால் அறை உனக்கு, இல்லையென்றால் மெஷினுக்கு என்றார்.

இதையெல்லாம் நோயாளியிடம் சொல்வது முறையில்லை. அவள் அவனிடம் சொன்னது ஒன்றுதான்: "மூணுக்கு வந்துட்டா நிறுத்திடுவோம். அப்புறம் நீங்க இங்க வர வேண்டியதில்லை."

முதல் முறை அவன் எட்டு என்று எழுதினான்.

மேசையின் தலைமாட்டில் முகம் வைக்க ஒரு வட்டத் துளை உண்டு. குப்புறப் படுத்தால் தரையும் சிகிச்சை செய்பவரின் பாதங்களும்தான் தெரியும். ஆகவே அந்த அறையில் அவர்கள் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை என்று சொல்லலாம். அவளுக்குத் தெரிந்தது அவன் பிடரி. மண்டையோட்டின் அடிவிளிம்பில், கழுத்தும் தோளும் சேரும் இடத்தில், கூழாங்கற்கள் போல முடிச்சுகள். கட்டைவிரலை வைத்து, அழுத்தி, மூச்சு விடச் சொல்லி, கல் சற்றே இளகும்வரை காத்திருப்பாள். அவனுக்குத் தெரிந்தது அவள் செருப்பு.

"வலது செருப்புல வார் தைச்சிருக்கீங்க போல," என்றான் மூன்றாம் முறை, துளைக்குள்ளிருந்து.

"பேசாம படுங்க சார். பேசினா தசை இறுகும்."

"நூல் கலர் மாறியிருக்கு. தொழில் புத்திங்க, தப்பு இருந்தா கண்ணு அங்கதான் போகும்."

அடுத்த முறை அவள் வேறு செருப்பு போட்டு வந்தாள். எதற்கு என்று தன்னையே கேட்டுக்கொண்டு, துண்டுகளைப் பிழியப் போய்விட்டாள்.

அவன் பேச்செல்லாம் சொற்களைப் பற்றித்தான். அகராதியில் இப்போது 'ம'வில் இருந்தான். தலைக்கனம் என்ற சொல்லைத் தேடிப் பார்த்ததாகவும், செருக்கு என்று மட்டும் போட்டிருக்கிறார்கள், அஞ்சு கிலோ என்று போடவில்லை என்றும் குறைப்பட்டுக்கொண்டான். அவளுக்குத் தோள் குலுங்கச் சிரிப்பு வரும். அடுத்து வரும் தையற்கார அக்கா கதவைத் தட்டி, மணி ஆகவில்லையா என்று கேட்ட பிறகுதான் கடிகாரம் நினைவுக்கு வரும். அவசரமாகத் தாளில் 'ஒரு மணி நேரம்' என்று எழுதுவாள்.

எட்டு ஏழானது. நான்காம் முறை ஆறானது. பிறகு ஆறிலேயே நின்றுவிட்டது.

ஐந்தாம் முறையும் ஆறு. ஏழாம் முறையும் ஆறு. அவள் விரல்கள் வேறு கதை சொல்லின. கற்கள் கரைந்திருந்தன. தூக்கி நின்ற தோள் இறங்கியிருந்தது. ஆனால் தாளில் அவன் கையெழுத்தில், சுழித்துச் சுழித்து, அழகான ஆறு. வலி அவனுடையது, அதை அவன்தானே சொல்ல வேண்டும்? அப்படியானால் தப்பு யாரிடம்? தன் விரல்கள் தன்னை ஏமாற்றுகின்றனவா...

வீட்டில் அக்காவும் அதே வாரத்தில் ஆரம்பித்தாள். பெண் கேட்டு வருகிறவர்களிடம் மசாஜ் என்று சொல்ல வேண்டாமாம். "ஆஸ்பத்திரியில வேலைன்னு மட்டும் சொல்வோம்டி. உங்க மாமாவும் அதைத்தான் சொல்றார். கேக்கிறவங்க முகமே மாறுது." வழக்கமாக இந்தப் பேச்சுக்கு அவளிடம் சூடான பதில் தயாராக இருக்கும். அன்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். தன் கையையே நம்பாதவள் எந்த வாயால் அதற்காகச் சண்டை போடுவது?

கடைசி முறை. பத்தாவது. அவன் வரும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்பு ஜன்னலில் நின்றாள். மழை விட்டிருந்தது. எதிரே பேருந்திலிருந்து அவன் இறங்கினான். தெருவைக் கடக்க நின்று, வலப்பக்கம் பார்த்தான், இடப்பக்கம் பார்த்தான். கிளையில் உட்கார்ந்த குருவி மாதிரி, டக் டக்கென்று, கழுத்தை மட்டும் திருப்பி. பிறகு தலையை நிமிர்த்தி அவள் ஜன்னலைப் பார்த்தான். அவள் சட்டென்று திரைக்குப் பின்னால் ஒதுங்கினாள். முதலில் சந்தோஷம். அப்புறம் தாளில் இருந்த ஆறு நினைவுக்கு வந்தது.

அவன் உள்ளே வந்து பேனாவை எடுத்தான்.

"இன்னிக்கு எத்தனை சார்?"

"ஆறு."

"ரோட்ல ரெண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தீங்களே, அது எந்த ஆறு?"

பேனா நின்றது. அவன் மறுக்கவில்லை. நிமிர்ந்து அவளை நேராகப் பார்த்தான். "மூணுன்னு எழுதிட்டா இங்க வர வேண்டியதில்லைன்னு நீங்கதான் சொன்னீங்க."

வேறொரு நாளில் அந்த வாக்கியம் அவளை உருக்கியிருக்கும். இப்போது எரிந்தது. அந்தத் தாளை வைத்துத்தான் இந்த அறை இருக்க வேண்டுமா என்பது முடிவாகும் என்றாள். அவன் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியது. தெரியாது என்றான். டாக்டரிடம் இப்போதே போய்ச் சொல்கிறேன் என்றான்.

"உங்க ஆறை நம்பி என் கையை நான் நம்பாம விட்டேன் சார். மூணு வாரம். அதை யார்கிட்ட போய் சொல்வீங்க?"

அவன் தலை குனிந்தது. குனிந்த கழுத்து எவ்வளவு இலகுவாகக் குனிகிறது என்று அவள் கண் கவனித்தது. அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது. போங்கள் என்றாள். போனான்.

தாளை அப்படியே டாக்டரின் மேசையில் வைத்தாள். பத்தாம் வரி காலி. அவன் எழுதியது பொய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் தோற்ற பிறகு நோயாளி மேல் பழி போடுகிறாள் என்று ஆகிவிடும். அதைவிட மெஷினே வரட்டும்... இரண்டு நாள் துண்டுகளை மடித்து, மடித்ததைக் கலைத்து மடித்தாள்.

மூன்றாம் நாள் மாலை டாக்டர் கூப்பிட்டனுப்பினார். மேசையில் அவளுடைய தாள். அதன் மேல் குண்டூசியால் குத்திய இன்னொரு தாள், புத்தகத்தின் கடைசிப் பக்கம் போல நேர்த்தியாக அச்சாகியிருந்தது. டாக்டர் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மருந்துச் சீட்டைப் படிக்கும் குரலில் படித்தார்:

"பிழைதிருத்தம். ஐந்தாம் முறை: ஆறு என்பதை நான்கு எனத் திருத்தி வாசிக்கவும். ஆறாம் முறை: ஆறு என்பதை நான்கு என. ஏழாம் முறை: ஆறு என்பதை மூன்று என. எட்டு, ஒன்பதாம் முறைகள்: ஆறு என்பதை இரண்டு என. பிழைக்குக் காரணம்: நோயாளியின் நேர்மைக் குறைவு. மசாஜ் சிகிச்சையில் பிழை ஏதும் இல்லை. சிகிச்சை அளித்தவரின் கைகள் முதலிலிருந்தே சரியாகச் சொல்லிவந்தன."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். கண்ணில் நீர் நிறைந்தால் வெளியே மழை பெய்வது போலத்தான் தெரியும். ஆனால் உண்மையிலேயே மழை தொடங்கியிருந்தது.

"எண்ணை யார் வேணாலும் மாத்தி எழுதலாம்," என்றார் டாக்டர். "அதனால கழுத்தை நானே பார்த்தேன். முதல் நாள் நான் அளந்தப்ப இடப்பக்கம் முப்பது டிகிரிகூடத் திரும்பல. இப்ப எழுபது. நீ எப்படி இளக வெச்சேன்னு எனக்குப் புரியல, ஆனா இளகியிருக்கு. மெஷினுக்கு வேற இடம் பார்க்கிறேன். உனக்கு ஆறு மாசம்."

"இந்த ஆறு நிஜ ஆறுதானே மேடம்?"

டாக்டர் சிரிப்பதைப் பார்த்தவர்கள் அந்த மருத்துவமனையில் குறைவு. அவளும் அன்று பார்த்தாள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஃபைலை மூடி ரப்பர் பேண்டு போட்டு, அவர் அலமாரியில் வைத்தார். "இனிமே அவர் உன் நோயாளி இல்லை. ஒரு மணி நேரமா எதிர்ல நிக்கிறார், இப்ப நனையவும் ஆரம்பிச்சாச்சு. காய்ச்சல் வந்தா அதுக்கு நாம வைத்தியம் பார்க்கிறதில்லை."

படிகளில் இறங்கும்போது அவள் வலது செருப்பைக் கவனித்தாள். அந்தப் பழைய தைத்த செருப்பு. மாற்றத் தோன்றவில்லை.

நிழற்குடையில் அன்றைக்கும் கூட்டம். அவன் முதுகைக் காட்டிக்கொண்டு, பாதி மழையில் நின்றிருந்தான். அவள் அவனுடைய இடப்பக்கம் போய், சற்றுப் பின்னால் நின்றாள்.

"கொஞ்சம் நகர்ந்து நிக்கிறீங்களா?"

கால்கள் அசையவில்லை. இடுப்பு அசையவில்லை. தலை மட்டும், மெதுவாக, தோளுக்கு மேலாக அவளை நோக்கித் திரும்பியது. கண்ணாடியில் மழைத்துளிகள். கண்களில் இன்று சிரிப்பு இல்லை, பயம் இருந்தது. அதுவும் அழகாகத்தான் இருந்தது.

"மன்னிப்புக் கேக்க வந்தேன்," என்றான். "அச்சுல போட முடியாததும் ஒண்ணு இருந்தது."

"முதல்ல இதைச் சொல்லுங்க. இன்னிக்கு எத்தனை? நிஜமா."

"கழுத்து ஒண்ணுங்க."

"மீதி ஒன்பது?"

"அது கழுத்துல இல்லை." அவன் குரல் இறங்கியது. "உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. முதல் நாள் திட்டினீங்களே, அப்போலேர்ந்து. நாலாவது தடவை செருப்பை மாத்திட்டு வந்தீங்க... அன்னிக்குதான் எனக்கே தெரிஞ்சுது. அதுக்கப்புறம்தான் தப்புத் தப்பா எழுத ஆரம்பிச்சேன்."

பேருந்து வந்தது. கூட்டம் ஏறியது. அவர்கள் இருவருக்கும் அது எந்தப் பேருந்து என்றுகூடத் தெரியவில்லை. அவள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். மூன்று வாரமாக அவள் சந்தேகப்பட்ட விரல்கள். அவை எதையோ அவளுக்கு முன்பே தெரிந்து வைத்திருந்தன.

"அந்தத் தாள்ல இன்னும் ஒரு பிழை இருக்கு," என்றாள். "நீங்க கவனிக்கலை."

பிழை என்றதும் அவன் புருவம் சுருங்கியது. "எந்த வரியில?"

"எல்லா வரியிலயும். அது நான் எழுதினது." காலி இடத்தில் அவன் பக்கமாக ஓர் எட்டு நகர்ந்து நின்றாள். "ஒரு மணி நேரம் என்பதை... ஒரு மணி பத்து நிமிஷம்னு திருத்தி வாசிச்சுக்குங்க."